வண்டி சாயுறது வேற, வெயிட் மாறுறது வேற

போன மாசம் செட்டிபாளையம் கரி கார் ரேஸ் ட்ராக்குல தங்கச்சி பையன் அவனோட பழைய மாருதி 800-ஐ ஓட்டினான், வளைவுல நின்னு நான் ஒரு போட்டோ எடுத்தேன். அதைப் பெருசு பண்ணிப் பாத்தப்ப வண்டி வெளிப்பக்கமா நல்லா படுத்திருக்கு, முன்னாடி வெளிப்பக்க டயரோட மேல்முனை வெளிய சாஞ்சு டயர் தோள்பட்டையில மட்டும் நின்னுட்டு இருக்கு. ஓட்டுறதுக்கு முன்னாடி டயர் ஓரத்துல சாக்பீஸ்ல குறுக்க கோடு போட்டு அனுப்பியிருந்தேன், நாலு ரவுண்டு முடிச்சு வந்தப்ப அந்தக் கோடு பட்டன் (ரோட்டைத் தொடுற கட்டங்க) தாண்டி ரெண்டு விரக்கடை கீழ வரைக்கும் அழிஞ்சிருந்துச்சு. அதாவது ரோட்டுல உரசுனது டயரோட பக்கச்சுவரு.

அவன் கேட்டான், "மாமா, சாயுறதை நிறுத்திட்டா வெயிட்டு அந்தப்பக்கம் போகாதுங்ல்ல, கிரிப்பு வந்துருமுங்ல்ல?"

நெம்ப பேரு இப்படித்தான் நெனைக்கிறாங்க, இது தப்பு. இதை ஒருதடவை மனசுல தெளிவா பிரிச்சு வெச்சுக்கிட்டா மிச்ச எல்லாம் தன்னால புரியும்.

வளைவுல திரும்பும்போது ரோடு டயரைப் பிடிச்சு உள்பக்கம் தள்ளுது, ஆனா வண்டியோட பாரத்தின் மையம் ரோட்டுக்கு மேல அரை மீட்டர் ஒசரத்துல இருக்கு, அதனால உள்பக்க சக்கரத்துல இருக்கிற பாரம் வெளிப்பக்க சக்கரத்துக்கு மாறியே ஆகோணும். ஒரே வளைவை ஒரே வேகத்துல எடுக்கும்போது எவ்ளோ மாறும்ங்கறதை முடிவு பண்றது மூணே விஷயம்தான், வண்டியோட எடை, பாரமையத்தோட ஒசரம், ரெண்டு சக்கரத்துக்கு நடுவுல இருக்கிற அகலம். ஓட்டுறவனையும் சேத்து 720 கிலோன்னு வெச்சுக்கலாம், மையம் அரை மீட்டர், அகலம் 1.2 மீட்டர், புவியீர்ப்புல 0.8 பங்கு விசை பக்கவாட்டுல வர்ற மாதிரி வளையுறான்னா மாறுறது 240 கிலோ. நின்னுட்டு இருக்கும்போது பக்கத்துக்கு 360 கிலோ இருந்தது வளைவுல வெளிப்பக்கம் 600, உள்பக்கம் வெறும் 120. இந்தக் கணக்குல ஸ்பிரிங் எங்கயாச்சும் வருதா? வராது. ஸ்பிரிங்குக்குப் பதிலா இரும்புக் கட்டை வெச்சு வெல்டிங் அடிச்சாலும் கிட்டத்தட்ட அதே 240தான். திம்பம் மலையில தலைபாரமா லோடு ஏத்துன லாரி வளைவுல தவிக்கிறதும் இந்த ஒசரத்தாலதான், எவ்ளோ கெட்டியான ஸ்பிரிங் பட்டை போட்டாலும் அந்தத் தலைபாரம் கொறையாது.

அப்ப சாஞ்சா என்னங்க நட்டம்? ரெண்டு நட்டம். ஒண்ணு, 800-ல முன்னாடி ஸ்ட்ரட் டைப் சஸ்பென்ஷன் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒரே தூணா இருக்கிறது), அதுல பாடி எவ்ளோ சாயுதோ அதுல பெரும்பங்கு சக்கரமும் கூடவே சாயும், அப்பதான் டயர் தட்டையா நிக்காம தோள்ல நிக்குது, போட்டோவுல பாத்தது அதான். ரெண்டு, ஸ்டியரிங் திருப்பினதும் பாடி சாஞ்சு முடிச்சு நிலைக்கு வர்ற வரைக்கும் வண்டி சொன்ன பேச்சு கேக்காது, இடதும் வலதுமா மாறி மாறி வளைவு வந்தா ஒவ்வொருதடவையும் அந்த நேரம் போகுது. ஷாக் அப்சார்பர் பண்றது இந்த ரெண்டாவதுல மட்டும்தான், எவ்ளோ சீக்கிரம் சாயுதுங்கறதை அது பாத்துக்கும், கடைசியில எவ்ளோ சாயுதுங்கறதை மாத்தாது. ஆனா பழைய வண்டியில ஆயில் கசிஞ்ச ஷாக், வெடிச்ச ரப்பர் புஷ் இதையெல்லாம் மாத்தாம வேற எதுலயும் காசு போடாதீங்க.

நம்ம ஊர்ல எல்லாரும் மொதல்ல பண்றது ஸ்பிரிங்கை வெட்டி வண்டியை எறக்குறது. எனக்கும் ஒரு பட்டறையில கேஸ் டார்ச் வெச்சு வெட்டிக் குடுத்தாங்க, அந்தச் சூட்டுல ஸ்பிரிங்கோட பதம் போயி ஆறே மாசத்துல ஒருபக்கம் அமுங்கிருச்சு. வெட்டுறதால கொஞ்சம் கெட்டியாகுறது நெசம்தான், ஆறு சுத்து வேலை செய்யுற ஸ்பிரிங்ல ஒரு சுத்தை எடுத்தா 20 சதவீதம் கூடும். பாரமையம் 3 சென்டிமீட்டர் எறங்குச்சுன்னா மேல சொன்ன 240 கிலோவுல 14 கிலோதான் கொறையும். ஆனா இதுல ஒளிஞ்சிருக்கிற சிக்கல் ஒண்ணு இருக்கு. பாடி சாயுறதுக்குன்னு கண்ணுக்குத் தெரியாத ஒரு கீலு இருக்குன்னு வெச்சுக்கங்க, லோயர் ஆர்ம், அதாவது சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் பாடியோட இணைக்கிற கை, எந்தக் கோணத்துல இருக்குங்கறதைப் பொறுத்து அந்தக் கீலோட ஒசரம் மாறும். ஸ்ட்ரட் வண்டியை எறக்கும்போது ஆர்ம் மேல்நோக்கித் திரும்பிக்கும், பாரமையம் 3 சென்டி எறங்குனா கீலு அதைவிட அதிகமா எறங்கிரும். கீலுக்கும் மையத்துக்கும் நடுவுல இருக்கிற தூரம்தான் ஸ்பேனரோட கைப்பிடி மாதிரி, எறங்காத நட்டுக்கு நாம பைப்பை மாட்டி ஸ்பேனரை நீட்டுவோம் பாருங்க, அதே வேலையை இங்க வளைவு நமக்கு எதிரா செய்யுது. அதனால எறக்குன வண்டி எதிர்பாத்த அளவுக்கு நிமுந்து நிக்காது, போதாததுக்கு சஸ்பென்ஷன் முழுசா அமுங்குனா தடுக்கிற ரப்பர் கட்டையில (பம்ப் ஸ்டாப்) முட்டி பாதி வளைவுல திடீர்னு முன்பக்கம் வழுக்கும்.

இதுக்கெல்லாம் சரியான மருந்து ஸ்டெபிலைசர் ராடு, அதாவது இடது வலது சக்கரத்தைக் குறுக்க இணைக்கிற கம்பி. ரெண்டு சக்கரமும் ஒண்ணா மேல ஏறுனா ராடு சும்மா சுத்திக்கும், ஒண்ணு ஏறி ஒண்ணு எறங்குனாதான் முறுங்கும், அந்த முறுக்கு எதிர்ப்புதான் சாயுறதைத் தடுக்குது, மேடுபள்ளத்துல சொகுசும் பெருசா கெடாது. கெட்டித்தனம் விட்டத்தோட நாலாம் அடுக்குல ஏறும், 20 மில்லி ராடை 22 ஆக்குனாலே 46 சதவீதம் கூடுது, 2 மில்லிதானேன்னு அலட்சியமா நெனைக்கக்கூடாது. இன்னொண்ணு, லேத்துல கெடைக்கிற சாதாரண எம்எஸ் (மைல்டு ஸ்டீல்) ராடை வளைச்சுப் போட்டாலும் கெட்டித்தனம் ஸ்பிரிங் ஸ்டீல் அளவுதான் இருக்கும், ஆனா பலமா முறுங்குனா அது பழைய நிலைக்குத் திரும்பாம அப்படியே கோணிக்கும், அதனால ஸ்பிரிங் ஸ்டீல்தான் வேணும்.

எந்தப்பக்கம் போடுறதுங்கறதுலதான் முழு ரகசியமும் இருக்கு. மொத்தம் மாறுற 240 கிலோவை நிறுத்த முடியாது, ஆனா அதை முன்பக்கமும் பின்பக்கமும் எப்படிப் பங்கு பிரிச்சுக்கறதுன்னு ராடை வெச்சு நாம சொல்லலாம். டயருக்கு ஒரு குணம், பாரம் ரெண்டு மடங்கானா பிடிப்பு ரெண்டு மடங்காகாது, கொஞ்சம் கம்மியாத்தான் வரும். அதனால எந்த ஆக்சில்ல பாரம் அதிகமா ஒருபக்கமா மாறுதோ அந்த ஆக்சில் பிடிப்பை இழக்கும். 800-ல எஞ்சினும் முன்னாடி, இழுக்கறதும் முன்சக்கரம், ஏற்கனவே முன்னாடிதான் வழுக்குது, இதுல முன்னாடி ராடைப் பெருசாக்குனா இன்னும் மோசமாகும். அதுவுமில்லாம அந்த வண்டியில முன் ராடோட முனை நேரா லோயர் ஆர்முக்குள்ள போயி நட்டுல முடியுது, சக்கரம் முன்னபின்ன நகராம பிடிச்சு வெக்கிறதும் அதே ராடுதான், சும்மா கை வெக்கிற எடம் இல்லை. பின்னாடி ராடே கெடையாது, அங்கதான் போடோணும். பின்பக்கம் கெட்டியானா உள்பக்க பின் சக்கரம் லேசாகும், சிலசமயம் தூக்கிக்கூட நிக்கும், பயப்பட வேண்டாம், அதுக்குப் பதிலா உள்பக்க முன் சக்கரத்துல பாரம் மிச்சமாகும், வளைவுலருந்து வெளிய வரும்போது ஆக்சிலேட்டர் மிதிச்சா அது வெட்டியா சுத்தாம இழுக்கும். அளவு மீறுனா மட்டும் ஆபத்து, நடுவளைவுல பட்டுன்னு கால் எடுத்தா பின்பக்கம் வீசிட்டுப் போயிரும்.

இதே 800 எஞ்சினை வெச்சுத்தான் நம்ம கோயமுத்தூர் கரிவரதன் ஃபார்முலா மாருதி வண்டிங்களை செஞ்சாரு, அவரு பேருதான் இந்த ட்ராக்குக்கு. ஓட்டுறவன் ரோட்டை ஒட்டி படுத்துட்டு ஓட்டுற அந்த ஒத்தை சீட்டு வண்டியில பாரமையமே கீழ, அதான் உண்மையிலயே 240-ஐக் கொறைக்கிற வழி. நம்ம கார்ல அதுக்குப் பக்கமா வர்றது மேல இருக்கிற வெயிட்டைக் கழட்டறது, சீட்டை எறக்கறது.

இப்ப மாப்ள வண்டியில வளைவுல டயர் தட்டையா நிக்கட்டும்னு முன்சக்கரத்தோட மேல்முனையை 2 டிகிரி உள்பக்கம் சாய்ச்சாச்சு, பின்னாடி 16 மில்லி ராடு ஒண்ணு செஞ்சு போட்டோம். போன ஞாயித்துக்கெழமை சாக்பீஸ் கோடு பட்டன் ஓரத்தோட நின்னுருச்சு. மண்ணுல ஆட்டோகிராஸ் ஓட்டுற அன்னிக்கு மட்டும் பின் ராடோட ஒருபக்க லிங்க் போல்ட்டைக் கழட்டி விட்டுருவோம், பிடிப்பு கம்மியா இருக்கிற எடத்துல நாலு சக்கரமும் தரையில இருக்கிறதுதான் முக்கியம், பின்பக்கம் கெட்டியா இருந்தா மண்ணுல வண்டி சும்மாவே சுத்திட்டு நிக்கும்.