கூட்ஸ்தானே என்று குனிகிறவர்களுக்கு

மூடிய ரயில்வே கேட்டுக்கு அடியில் பைக்கைச் சாய்த்து நுழைத்து, தண்டவாளத்துக்கு நடுவில் நின்று இரண்டு பக்கமும் எட்டிப் பார்க்கிறவர்களை இன்ஜின் கண்ணாடி வழியாகப் பார்க்காத நாளே இல்லை. ஏன் என்று கேட்டால் ஒரே பதில்தான்: "கூட்ஸ்தானே வருது, அதுக்குள்ள போயிடலாம்."

இந்த "தானே" எங்கிருந்து வந்தது என்பது புரிகிறது. எக்ஸ்பிரஸுக்கு வழிவிட்டு, ஸ்டேஷனின் பக்கத் தண்டவாளமான லூப் லைனில் மணிக்கணக்கில் நிற்கும் கூட்ஸைத்தான் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். அப்படி நிற்கும் நேரத்தையும் சேர்த்துக் கணக்கிடுவதால்தான் சரக்கு ரயிலின் சராசரி வேகம் மணிக்கு 25 கி.மீ. அளவில் நிற்கிறது. கேட்டைக் கடக்கும்போது வண்டி சராசரியில் ஓடுவதில்லை. நிலக்கரி ஏற்றிய திறந்த வேகன்கள் 75 கி.மீ. வரை வரும். அதே வேகன்கள் காலியாகத் திரும்பும்போதும், கன்டெய்னர் வண்டிகளும், அனுமதியுள்ள பாதைகளில் 100 வரை போகும். கேட்டுக்கு 600 மீட்டர் முன்னால் நட்டிருக்கும் மஞ்சள் விசில் போர்டில் ஹாரனை அழுத்தத் தொடங்குகிறோம். 75-ல் வந்தால் அங்கிருந்து கேட்டுக்கு 29 நொடி. 100-ல் வந்தால் 22 நொடிகூட இல்லை. பைக் ஹேண்டில் கேட் கம்பியில் ஒருமுறை மாட்டி எடுத்தாலே அதில் பாதி போய்விடும்.

கண்ணை நம்பாதீர்கள். பெரிய பொருள் தூரத்தில் வரும்போது மெதுவாக வருவதுபோலத்தான் தெரியும். ஆகாய விமானம் மிதப்பதுபோலத் தெரிவதும் இதனால்தான். அதிலும் நேராக நம்மை நோக்கி வருவது வெகுநேரம் அதே அளவில் இருப்பதுபோல இருந்து, கடைசி நொடிகளில்தான் பூதம்போலப் பெரிதாகும். லெவல் கிராஸிங் விபத்துகளை வைத்து ஹெர்ஷல் லைபோவிட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1985-லேயே இதை எழுதிவிட்டார்.

"டிரைவர் பார்த்தா பிரேக் போட மாட்டாரா?" போடுவார். 58 வேகன், சரக்கோடு சேர்த்து ஒவ்வொன்றும் ஏறக்குறைய 90 டன். மொத்தம் 5,000 டன்னுக்கு மேல், நீளம் 600 மீட்டருக்கு மேல். பிரேக் குழாயில் இருக்கும் காற்றை வெளியேற்றினால் பிரேக் பிடிக்கும். ஆனால் பயணிகள் பெட்டியில் 3 முதல் 5 நொடியில் நிரம்பும் பிரேக் சிலிண்டர், சரக்கு வேகனில் முழு அழுத்தத்துக்கு வர 18 முதல் 30 நொடி ஆகும். வேண்டுமென்றேதான் அப்படி வைத்திருக்கிறார்கள். முன்பக்கம் சட்டென்று இறுகினால் பின்னால் வரும் வேகன்கள் முன்னால் இருப்பவற்றை நெருக்கித் தடம் புரட்டிவிடும். ஆக, பிரேக் முழுதாகப் பிடிப்பதற்குள்ளேயே 75-ல் வரும் வண்டி 400 மீட்டர் ஓடியிருக்கும். முன்கூட்டியே எச்சரிக்கும் டிஸ்டன்ட் சிக்னலை, சிவப்பு என்றால் நின்றாக வேண்டிய ஸ்டாப் சிக்னலுக்கு 1 கி.மீ. முன்னால் வைத்திருப்பது அழகுக்காக இல்லை. உங்களைப் பார்த்த பிறகு லோகோ பைலட்டால், அதாவது டிரைவரால், ஆகக்கூடியது பிரேக்கைப் போட்டுவிட்டு ஹாரன் அடிப்பது மட்டுமே. திருப்புவதற்கு அவரிடம் ஸ்டீயரிங்கும் கிடையாது.

"அஞ்சு நிமிஷம் முன்னாடியே மூடிட்டான்" என்று கேட் கீப்பரைத் திட்டுவதும் வேண்டாம். சிக்னலோடு இணைத்த கேட்டில், கேட் மூடிப் பூட்டினால்தான் வண்டிக்குப் பச்சை கிடைக்கும். வண்டி கண்ணுக்குத் தெரிந்த பிறகு மூடலாம் என்றால், அது டிஸ்டன்ட்டில் மஞ்சளைப் பார்த்து வேகத்தைக் குறைத்து வெளியிலேயே நிற்கும். 5,000 டன்னை மறுபடி கிளப்பி, 600 மீட்டர் நீளமும் கடந்து போகும்வரை நீங்கள் அதே கேட்டில்தான் நிற்பீர்கள்.

திறந்திருக்கும் கேட்டும் பச்சை விளக்கு அல்ல. அகலப் பாதையில் ஆளில்லா கேட்டுகள் 2019 ஜனவரியோடு ஒழிந்துவிட்டன; ஆனால் சிக்னலோடு இணைக்காத கேட்டுகள் இருக்கின்றன. அங்கே ஸ்டேஷன் மாஸ்டரும் கேட் கீப்பரும் போனில் பேசிக்கொள்வதுதான் பாதுகாப்பு. 2025 ஜூலை 8 அன்று கடலூர் செம்மங்குப்பத்தில் பள்ளி வேன்மேல் ரயில் மோதி மூன்று பிள்ளைகள் இறந்தது அப்படியொரு கேட்டில்தான். வேகத்தைக் குறையுங்கள், கண்ணாடியை இறக்குங்கள், பாட்டை அணையுங்கள். மின்சார இன்ஜின் சத்தமில்லாமல் வரும்.

கேட்டை மறித்து நிற்கும் கூட்ஸுக்கு அடியில் தவழ்ந்து போகிறவர்களே, தயவுசெய்து வேண்டாம். பள்ளிப் பிள்ளைகளும் பையைத் தூக்கிப் போட்டுவிட்டு உங்களைப் பார்த்தேதான் பின்னால் நுழைகிறார்கள். ஒவ்வொரு இணைப்பிலும் சிறு இடைவெளி இருப்பதால், இன்ஜின் நகர்ந்த பிறகும் பின்பக்க வேகன் சில நொடி அசையாமல் இருந்து, திடீரென்று வெட்டி இழுக்கும். கடைசி வேகனுக்கு அருகில் இருக்கும் உங்களுக்கு அரை கிலோமீட்டருக்கு அப்பால் அடிக்கும் ஹாரன் கேட்பது சந்தேகம். சக்கரத்தருகே "புஸ்" என்று காற்றுச் சத்தம் கேட்டால் பிரேக் விடுபடுகிறது, வண்டி கிளம்பப்போகிறது என்று பொருள்.

இரட்டைப் பாதையில் கடைசி வேகன் போனதும் குனிந்து ஓடாதீர்கள். அடுத்த லைனில் வரும் வண்டியை இவ்வளவு நேரமும் இந்த வேகன்கள்தான் மறைத்துக்கொண்டிருந்தன. கேட் திறக்கும்வரை நில்லுங்கள்.

கார்காரர்களுக்கு ஒன்று. மூடிய கேட்டில் எதிர்வரிசையையும் அடைத்து நிற்காதீர்கள். இரண்டு பக்கமும் அப்படி நின்றால், திறந்ததும் தண்டவாளத்தின் மேலேயே முட்டிக்கொள்வீர்கள். அடுத்த வண்டிக்குக் கேட்டை மூட முடியாது. அப்புறம் ஒருவர் கேட்டை இடித்து உடைப்பார். ரயில்வே சட்டம் 160-வது பிரிவில் அதற்கு 5 ஆண்டு வரை சிறை. அந்தப் பக்கம் உங்கள் வண்டி முழுதாக நிற்க இடம் இருந்தால் மட்டும் ஏறுங்கள். டிராக்டர், லாரி என்றால் முதல் கியரிலேயே கடந்துவிடுங்கள், நடுவில் கியர் மாற்ற வேண்டாம்.

வண்டி தண்டவாளத்தில் நின்றுபோனால் முதலில் ஆட்களை இறக்குங்கள். ரயில் தெரிந்துவிட்டால், பாதையை விட்டு விலகி, ரயில் வரும் திசையை நோக்கிச் சாய்வாக ஓடுங்கள். மோதிச் சிதறுவது ரயில் போகும் திசையில்தான் பறக்கும். ரயில் தெரியவில்லை என்றால் ஒருவர் கேட் கீப்பரிடம் ஓடட்டும். சிக்னலைச் சிவப்பாக வைப்பது, போனில் சொல்வது, சிவப்புக் கொடி கட்டுவது எல்லாம் அவர் வேலை. 600 மீட்டரில் ஒன்றும் 1,200 மீட்டரில் மூன்றுமாக டெட்டனேட்டர் (சக்கரம் ஏறினால் வெடித்து டிரைவரை எச்சரிக்கும் வெடி) வைக்க அவர் ஓடவும் வேண்டும். அந்த நேரத்தை அவருக்குக் கொடுங்கள்; "இன்னொரு செல்ஃப் அடிச்சுப் பார்ப்போம்" என்று உட்கார்ந்திருக்காதீர்கள்.