சூப்பர்நியூமரரி சீட்: எண்மிகை இடம்

கல்லூரிச் சேர்க்கை அறிவிப்பில் வெளிநாட்டு மாணவர்களுக்கான பகுதியைப் புரட்டினால் தவறாமல் எதிர்ப்படும் சொல் 'சூப்பர்நியூமரரி சீட்'. வெளிநாட்டு மாணவர்களை இந்திய உயர்கல்விக்கு ஈர்க்க ஒன்றிய அரசு 2018 ஏப்ரலில் தொடங்கிய 'ஸ்டடி இன் இந்தியா' திட்டம் பெரிதும் நம்பியிருப்பது இந்த இடங்களைத்தான். தமிழில் இதைக் 'கூடுதல் இடம்' என்றும் 'உபரி இடம்' என்றும் எழுதுவதுண்டு. இரண்டுமே பொருளைத் திரித்துவிடுகின்றன.

ஒரு படிப்புக்கு ஒப்பளிக்கப்பட்ட எண்ணிக்கைக்கு வெளியே, ஒரு குறிப்பிட்ட பிரிவினருக்காக மட்டுமே உருவாக்கப்படும் இடம் இது. அந்தப் பிரிவினர் வராவிட்டால் அந்த இடமும் இல்லை. வேறு யாருக்கும் அது போகாது.

பி.காம். படிப்பில் 60 இடங்கள் என்று வைத்துக்கொள்வோம். பல்கலைக்கழக மானியக் குழு 2022-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, வெளிநாட்டு மாணவர்களுக்கு அதற்கு மேல் 25 விழுக்காடு வரை இடங்களை உருவாக்கிக்கொள்ளலாம். முன்பு இந்த வரம்பு 15 விழுக்காடு. 60-இல் 25 விழுக்காடு 15. ஆக, வகுப்பில் 75 பேர் வரை அமரலாம். பலர் இங்கேதான் தவறுகிறார்கள்: 60-க்குள்ளேயே 15 கழிந்து உள்ளூர் மாணவர்களுக்கு 45 மட்டுமே மிஞ்சும் என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை, 60-இல் ஒன்றுகூடக் குறையாது. அதேபோல வெளிநாட்டிலிருந்து 4 பேர் மட்டும் சேர்ந்தால் வகுப்பு 64 பேரோடு முடியும். மீதி 11 இடங்களை நிர்வாக ஒதுக்கீட்டில் நிரப்ப விதியில் வழியில்லை.

சொல்லின் வேர் இலத்தீன். 'சூப்பர்' என்றால் மேல், 'நுமெருஸ்' என்றால் எண். பிற்கால இலத்தீனில், ஒரு படைப்பிரிவின் எண்ணிக்கை நிறைந்த பிறகு சேர்க்கப்பட்ட வீரர்களை 'சூப்பர்நுமெராரியுஸ்' என்றார்கள். நம் பேச்சில் 'சூப்பர்' என்றால் பிரமாதம் என்று ஆகிவிட்டதால், இதை ஏதோ உயர்தர இடம் என்று எண்ணிவிடக் கூடாது. ஆங்கிலத்தில் இச்சொல் பல துறைகளில் புழங்குகிறது. வரிசைக்கு மேல் முளைக்கும் பல்லுக்கும், அலுவலகத்தில் ஒப்பளித்த எண்ணிக்கைக்கு வெளியே ஒருவருக்காக உருவாக்கும் பணியிடத்துக்கும், முதன்மை வானவில்லின் உட்புறத்தில் மங்கலாகத் தெரியும் மெல்லிய பட்டைகளுக்கும் இதே அடைமொழிதான்.

இந்தியக் கல்வியில் இது வெளிநாட்டவருக்கு மட்டும் உரியதன்று. ஐ.ஐ.டி.களில் மாணவியர் எண்ணிக்கையை உயர்த்த 2018 முதல் பெண்களுக்கு இவ்வகை இடங்கள் உருவாக்கப்பட்டன. மற்றவர்களின் இடங்கள் குறையாமல் இதைச் செய்ய இந்த ஏற்பாடு உதவியது. அதே ஐ.ஐ.டி.களில் வெளிநாட்டவருக்கு ஒவ்வொரு படிப்பிலும் 10 விழுக்காடு வரை தனியே உண்டு.

பெற்றோர் அதிகம் குழம்புவது பிரிவுகளில். மானியக் குழுவின் வழிகாட்டுதலில் வெளிநாட்டு மாணவர் என்றால் வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர். துபாயில் பிறந்து அங்கேயே பள்ளி முடித்த பிள்ளையானாலும் கையில் இந்தியக் கடவுச்சீட்டு இருந்தால் இந்த 25 விழுக்காட்டுக்குள் வரமுடியாது. ஆனால் தொழில்நுட்பக் கல்வியில் நிலைமை வேறு: அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு நெடுங்காலமாக அனுமதித்துவந்த 15 விழுக்காட்டில் மூன்றில் ஒரு பங்கு, வளைகுடா நாடுகளில் பணிபுரியும் இந்தியர்களின் பிள்ளைகளுக்கு உரியது. ஒரே சொல், இரண்டு அமைப்புகளில் இரண்டு தகுதி. விண்ணப்பிக்கும் முன் எந்த அமைப்பின் விதி பொருந்தும் என்று பார்த்துவிட வேண்டும்.

தனியார் மருத்துவக் கல்லூரிகளின் என்.ஆர்.ஐ. (வெளிநாடுவாழ் இந்தியர்) ஒதுக்கீடு இதனோடு சேராது. அது ஒப்பளித்த எண்ணிக்கைக்கு உள்ளேயே பிரிக்கப்படும் பங்கு. உள்ளே பிரித்தால் ஒதுக்கீடு, வெளியே சேர்த்தால் சூப்பர்நியூமரரி. ஓ.சி.ஐ. அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தருவது) வைத்திருப்போர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 2021 மார்ச் 4 அறிவிக்கைப்படி அவர்கள் என்.ஆர்.ஐ. இடங்களுக்கும் சூப்பர்நியூமரரி இடங்களுக்கும் மட்டுமே போட்டியிடலாம். அந்தத் தேதிக்கு முன்பே அட்டை பெற்றவர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் தீர்ப்பளித்தது. ஆகவே அட்டையில் உள்ள தேதியே பிரிவை முடிவு செய்கிறது.

கல்லூரிகள் சறுக்கும் இடம் வேறு. காகிதத்தில் இடங்களைக் கூட்டச் செலவில்லை. அவற்றைத் தாங்கும் வசதி வேண்டும். பொறியியல் பிரிவொன்றில் ஆண்டுக்கு 15 பேர் கூடுதலாகச் சேர்ந்தால் நான்கு ஆண்டுகளில் 60 பேர். 20 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்ற கணக்கில் இன்னும் மூன்று ஆசிரியர்கள் தேவை. 30 பேர் வீதம் இரண்டு குழுவாக நடந்த ஆய்வக வகுப்பு மூன்று குழுவாகும், ஆய்வக நேரம் ஒன்றரை மடங்காகும். எத்தனை இடம் என்பதை வசதியையும் ஆசிரியர் எண்ணிக்கையையும் பார்த்துக் கல்வி நிறுவனமே முடிவு செய்யட்டும் என்று வழிகாட்டுதல் விட்டிருப்பது இதனால்தான். 25 என்பது உச்சவரம்பு, கட்டாயம் அல்ல. முடிவெடுத்தபின் இடங்களின் எண்ணிக்கை, கட்டணம், தகுதி ஆகியவற்றை இணையதளத்தில் வெளியிட வேண்டும். வெளிநாட்டுப் பள்ளிச் சான்றிதழ் இங்குள்ள தகுதிக்கு நிகரானதா என்பதை இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் போன்ற அமைப்பு வழியாக உறுதிசெய்ய வேண்டும். 180 நாளுக்கு மேற்பட்ட மாணவர் விசாவில் வந்தவர் 14 நாளுக்குள் வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். முதல் வாரத்தில் வகுப்பு, விடுதி என்று அலைகையில் இது விடுபட்டுப்போகிறது. சேர்க்கை நாளன்றே நினைவூட்டுவது நல்லது.

இடம் இருந்தால் மாணவர் வந்துவிடுவார் என்பது உண்மையல்ல. 2023-க்குள் இரண்டு லட்சம் பேர் என்பது 'ஸ்டடி இன் இந்தியா'வின் இலக்காக இருந்தது. அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி 2021-22-இல் இங்கு படித்த வெளிநாட்டு மாணவர்கள் 46,878 பேர். விடுதியும் ஆசிரியரும் உரிய நேரத்தில் வரும் பதிலும் இல்லாமல் விழுக்காட்டை மட்டும் உயர்த்திப் பயனில்லை.

இனி, தமிழ்ச் சொல். 'கூடுதல் இடம்' ஏன் கூடாதென்றால், அரசு கலைக் கல்லூரிகளில் சேர்க்கையை 20 விழுக்காடு உயர்த்தும்போதும் அதே சொல்லைத்தான் பயன்படுத்துகிறோம். அந்த இடங்களில் உள்ளூர் மாணவர் சேரலாம், இவற்றில் சேர முடியாது. 'உபரி' என்றால் தேவைக்குமேல் மிஞ்சிக் கிடப்பது; உபரி ஆசிரியர் என்ற வழக்கே அதைக் காட்டும். நிரம்பாத இடம் என்ற தவறான எண்ணத்தை அது தரும். 'சிறப்பு ஒதுக்கீடு' உள்ளே பிரிப்பதைக் குறித்துவிடும்.

பொருத்தமானது 'எண்மிகை இடம்'. எண்ணுக்கு மேற்பட்டது என்ற மூலப்பொருள் அப்படியே வந்துவிடுகிறது. 'எண்திசை' என்பதில் எண் எட்டைக் குறிப்பதால் ஐயம் எழலாம், ஆனால் பின்னால் 'மிகை' நிற்கும்போது அந்தப் பொருள் கொள்ள இடமில்லை. 'மிகைபடக் கூறல்' என்று நன்னூல் குற்றமாகச் சொல்வதால் மிகைக்கு ஒரு குறைநிழல் உண்டுதான். 'எண்' முன்னால் சேரும்போது அது அளவுச் சொல்லாகிவிடுகிறது. மற்றத் துறைகளிலும் இது தடையின்றிப் பொருந்தும்: எண்மிகைப் பணியிடம், எண்மிகைப் பல்.

அறிவிப்பில் இப்படி எழுதலாம்: 'ஒப்பளித்த இடங்கள் 60. எண்மிகை இடங்கள் 15 (வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உடையோருக்கு மட்டும், நிரம்பாதவை வேறு பிரிவுக்கு மாற்றப்படமாட்டா).' அடைப்புக்குள் இருக்கும் இரண்டு விவரங்களையும் விட்டுவிடக் கூடாது.