முறுக்குச் சுற்றும் கைக்குக் கூலி எவ்வளவு?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் சிறுதொழில் செய்பவர்களுக்குப் பயிற்சி வகுப்பு எடுத்து வருகிறேன். கூப்பிட்டால் ஆண்கள் சொல்வது, "அப்பா காலத்துக் கடை மேடம், எங்களுக்கு எதுக்கு டிரெய்னிங்?" பெண்கள் சொல்வது, "வீட்ல கேட்டுச் சொல்றேன்."

பெண்களுக்குத் தயக்கம் என்றுதான் நானும் வெகுநாள் நினைத்திருந்தேன். காலை 10 மணி வகுப்பை மதியம் 2 மணிக்கு மாற்றினேன், நாற்காலி போதவில்லை. தயக்கமாவது ஒன்றாவது, அது உலை வைக்கிற நேரம்! ஊரகச் சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்களில் சாப்பாட்டோடு பயிற்சி இலவசம்தான். ஆனால் வீட்டு வேலையை யார் பார்ப்பது?

ஆண்களை வரவழைக்க நோட்டீஸில் 'மானியம்' என்ற சொல் வேண்டும். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் கிராமப்புறத்தில் பொதுப் பிரிவு ஆணுக்கு 25 சதவீத மானியம், பெண்ணுக்கு 35. அதனால் விண்ணப்பம் மனைவி பெயரில், பயிற்சிக்கு வந்து உட்காருவதும் அவர்தான். கல்லாச் சாவி மட்டும் கணவரிடம்.

வகுப்பில் நான் முதலில் போடச் சொல்வது விலைக் கணக்கு. கைமுறுக்குச் சுற்றி விற்கும் ஒரு அக்கா எழுதினார்: அரிசி, உளுந்து, எண்ணெய், கேஸ், கவர் எல்லாம் சேர்த்துக் கிலோவுக்கு 190 ரூபாய். கடைக்குப் போடுவது 240. லாபம் 50.

"சுத்துற கூலி எங்கேக்கா?"

"நம்ம கைதானே மேடம், அதுக்கென்ன கூலி?"

நாள் முழுக்க உட்கார்ந்தால் 5 கிலோ வரும் என்றார். வேறிடத்தில் சுற்றப் போனால் நாளுக்கு 400 ரூபாய் கிடைக்குமாம். அப்படியென்றால் கிலோவுக்கு 80. சரி, இப்போது லாபம் எங்கே? ஒவ்வொரு கிலோவுக்கும் 30 ரூபாயைக் கையிலிருந்து கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

பின்வரிசையில் ஒரு பலகாரக் கடை அண்ணன். அவர் தாளில் கடை வாடகை, மாஸ்டர் சம்பளம், டீச் செலவுகூட இருந்தது. சீப்புச்சீடையும் மனகோலமும் போடுவது யார் என்று கேட்டேன். "வீட்லதான். வீட்டு ஆளுக்குப் போய்க் கூலி எழுதுவாங்களா?" இரண்டு தாளிலும் விடுபட்டிருந்தது பெண்ணின் உழைப்புதான். பயிற்சியே வேண்டாம் என்றவரும், கேட்டுச் சொல்கிறேன் என்றவரும் இதில் மட்டும் ஒரே கணக்கு!

வகுப்பில் அந்த அண்ணன் அதற்குமேல் வாய் திறக்கவில்லை. ஆண்கள் நாலு பேர் முன்னால் சந்தேகம் கேட்பதில்லை, கௌரவம் தடுக்கும். டீ இடைவேளையில்தான் வந்தார். "சரி மேடம், எழுதிடலாம். எத்தனை மணி நேரம்னு போடுறது?"

எனக்கெப்படித் தெரியும் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, வெளியே போய் வீட்டுக்குப் போன் போட்டார்.