உணரி: தோலில் ஒட்டும் ‘சென்சார்’

‘சென்சார்’ என்று தமிழில் எழுதுவதில் ஒரு சங்கடம் இருக்கிறது. திரைப்படத்துக்குச் சான்றிதழ் கொடுக்கும் தணிக்கையும் சென்சார்தான், கைக்கடிகாரத்துக்கு அடியில் நாடித்துடிப்பை எண்ணும் கருவியும் சென்சார்தான். ஆங்கிலத்தில் இவை எழுத்திலும் வேரிலும் வேறு வேறு சொற்கள். முன்னது, மதிப்பிடுதல் என்று பொருள்படும் ‘சென்சேரே’ என்ற லத்தீன் வினையிலிருந்து வந்தது. பின்னது, உணர்தல் என்று பொருள்படும் ‘சென்டீரே’ என்ற வினையிலிருந்து வந்தது. தமிழ் எழுத்துக்கு வந்ததும் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. ‘சென்சாரில் சிக்கியது’ என்று ஒரு தலைப்பைப் பார்த்தால், சிக்கியது படமா, காரின் வேகமா என்று உள்ளே போய்ப் படித்தால்தான் தெரியும்.

கருவிக்குத் தமிழில் நல்ல சொல் இருக்கிறது: உணரி. உணர் என்ற வினையோடு இ விகுதி சேர்ந்தது. சினத்தைச் ‘சேர்ந்தாரைக் கொல்லி’ என்கிறாரே வள்ளுவர், அந்தக் கொல்லியில் இருக்கும் அதே இ. ஒரு செயலை எது செய்கிறதோ அதற்கு அந்தச் செயலைக் கொண்டே பெயர் வைக்கும் முறை இது. மின்சாரத்தைக் கடத்துவது கடத்தி. வேதிவினையை ஊக்குவது வினையூக்கி. உணர்வது உணரி. யாரிடம் சொன்னாலும், விளக்கம் கேட்பதற்கு முன்பே பாதிப் பொருள் போய்ச் சேர்ந்துவிடும்.

சிங்கப்பூர்ச் செய்திகளில் ‘உணர்கருவி’ என்றும் வருகிறது. அதுவும் சரியான சொல்தான். உணர்ந்த, உணர்கிற, உணரும் கருவி என்று மூன்று காலத்துக்கும் விரியும் வினைத்தொகை. தனியாக நிற்கும்போது அழகாகவே இருக்கிறது. கூட்டுச்சொல் ஆக்கும்போதுதான் நீண்டுவிடும். வெப்ப உணரி, அழுத்த உணரி, ஈர உணரி என்று ஒரு பத்தியிலேயே பல முறை எழுதவேண்டிய இடத்தில் சின்னச் சொல்தான் கைகொடுக்கும். வேறு சிலர் ‘உணர்வி’ என்று எழுதுகிறார்கள். அதை நான் தவிர்ப்பேன். உணர்வித்தல் என்றால் பிறரை உணரச் செய்வது. இந்தக் கருவியின் முதல் வேலையோ தான் உணர்வது.

‘கருவி எங்கே உணருகிறது, அதற்கென்ன மனமா இருக்கிறது?’ என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஆனால் இதற்குத் தமிழில் மிகப் பழைய பதில் இருக்கிறது. தொல்காப்பியத்தின் மரபியல் உயிர்களை அறிவின்படி வரிசைப்படுத்தும்போது ‘ஒன்று அறிவதுவே உற்று அறிவதுவே’ என்று தொடங்குகிறது. உற்றறிதல் என்றால் தொட்டு அறிதல். அப்புறம்தான் நாக்கு, மூக்கு, கண், செவி எல்லாம் வருகின்றன. மனம் வருவது கடைசியில், ஆறாவது இடத்தில். புல்லும் மரமும் ஓரறிவு உடையவை, அவற்றுக்கு இருப்பது தொடுஅறிவு மட்டுமே என்கிறது அந்த நூல். மனம் இல்லாமலேயே ஒன்றை உற்று அறியலாம் என்ற எண்ணம் நமக்குப் புதிதில்லை. தோலில் ஒட்டியிருக்கும் ஒரு கருவி வெப்பத்தையும் அழுத்தத்தையும் வியர்வையையும் மின்சாரமாக மாற்றுவதை ‘உணர்தல்’ என்று சொல்ல நான் தயங்கவே மாட்டேன்.

சரி, அந்தக் கருவியைக் கிட்டப்போய்ப் பார்ப்போம். சிங்கப்பூரின் தேக்கா சந்தையில் மீன் வாங்க நின்றபோது, பக்கத்தில் நின்ற பெரியவரின் மேற்கையில் வெள்ளையாக, பெரிய சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒன்று ஒட்டியிருந்தது. “அண்ணே, ஊசி போட்ட இடமா?” என்று கேட்டேன். “இல்ல தம்பி, இனிப்புநீருக்கு ஒட்டுனது. விரல்ல குத்தவேண்டாம், போன்லயே தெரிஞ்சிடும்” என்று திரையைக் காட்டினார். சர்க்கரை அளவு 11.2 என்று ஓர் எண், பக்கத்தில் மேல்நோக்கி ஓர் அம்புக்குறி. “காலைல ரெண்டு பரோட்டா. பாருங்க எப்படி ஏறுதுன்னு.”

சிங்கப்பூர் அரசு 2016இல் நீரிழிவுக்கு எதிராகப் போர் தொடுப்பதாக அறிவித்தது. இங்குள்ள இந்தியர்களிடையே இந்த நோய் அதிகம் என்பதும் நம் எல்லோருக்கும் தெரியும். ஆகவே இந்த வெள்ளைப் பொத்தானை நம் குடும்பங்களில் இனி அடிக்கடி பார்ப்போம், அதற்கொரு பெயரும் தேவைப்படும்.

அந்தப் பொத்தானுக்கு அடியில் முடி போன்ற மெல்லிய இழை ஒன்று தோலுக்குள் சில மில்லிமீட்டர் ஆழத்துக்கு இறங்கியிருக்கும். அது ரத்தத்தைத் தொடுவதில்லை. செல்களுக்கு இடையே இருக்கும் நீரில்தான் நிற்கிறது. இழையின் மேல் பூசியிருக்கும் நொதி அந்த நீரிலுள்ள குளுக்கோஸோடு வினைபுரியும்போது மிகச் சிறிய மின்னோட்டம் உண்டாகிறது. சர்க்கரை கூடினால் மின்னோட்டம் கூடும். ரத்தத்தில் ஏறிய சர்க்கரை செல்களுக்கு இடையிலான நீருக்கு வந்துசேரச் சில நிமிடங்கள் ஆகும் என்பதால், விரலில் குத்திப் பார்க்கும் எண்ணுக்கும் திரையில் தெரியும் எண்ணுக்கும் கொஞ்சம் வித்தியாசம் இருக்கும். கருவி கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டியதில்லை.

இதை ‘வேரபிள்’ என்ற வகையில் சேர்க்கிறார்கள். அணிவது என்பதால் அணிகருவி என்கிறோம். கடிகாரத்துக்கும் மோதிரத்துக்கும் அது பொருந்தும். தோலில் ஒட்டுவதற்கு? யாரும் பிளாஸ்டரை அணிவதில்லை, ஒட்டிக்கொள்கிறார்கள். அதனால் கடிகாரத்தில் இருப்பதை அணியுணரி என்றும், இந்தப் பொத்தானைத் தோலொட்டு உணரி என்றும் பிரிப்பது நல்லது. ‘தோலுணரி’ என்று சுருக்கினால் தோலை ஆராயும் கருவி என்று பொருள் மாறிவிடும். வெப்ப உணரி வெப்பத்தை உணர்கிறது, அழுத்த உணரி அழுத்தத்தை உணர்கிறது. அந்த வரிசையில் தோலுணரி தோலைத்தானே உணரவேண்டும்!

இனி அடுத்த பாதிக்கு வருவோம். பெரியவரின் கையில் இருப்பது உணர்வதோடு நிற்கவில்லை, உணர்ந்ததைக் கைப்பேசிக்குச் சொல்லவும் செய்கிறது. தமிழ் இலக்கணம் இதை ஒரு சிறு விகுதியில் காட்டும்: உணர் தன்வினை, உணர்த்து பிறவினை. பொறியியலிலும் இவை இரண்டும் தனித்தனி உறுப்புகள். உணர்வது உணரி. உணர்த்தும் ‘டிரான்ஸ்மிட்டரு’க்கு அலைபரப்பி என்ற சொல் ஏற்கெனவே நிலைத்துவிட்டது, அதை மாற்றவேண்டாம். ஆனால் மாணவர்களுக்கு விளக்கும்போது உணர்தல், உணர்த்தல் என்ற இணையைச் சொன்னால் கருவியின் முழு அமைப்பும் விளங்கிவிடும்.

இந்த உணர்த்தல் ‘வயர்லெஸ்’ வழியாக நடக்கிறது. ‘வயர்லெஸ்’ என்பதற்குக் கம்பியில்லா என்ற சொல், மார்க்கோனி காலத்துக் ‘கம்பியில்லாத் தந்தி’யிலிருந்தே நம்மிடம் இருக்கிறது. அந்தத் தொடரைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். தந்தி என்பதே முதலில் வீணையில் கட்டிய கம்பி. பிறகு செய்தி கொண்டுபோகும் கம்பிக்கு ஆகி, பிறகு செய்திக்கே பெயராயிற்று. ஆகவே கம்பியில்லாத் தந்தி என்றால் வேர்ப்பொருளில் ‘கம்பியில்லாத கம்பி’. பொருள் விரிந்துபோனதால் யாருக்கும் அது உறுத்தவில்லை. இதே வழியில் எதிர்த்திசையில் போன சொல் நரம்பு. சங்கப் பாடல்களில் யாழில் கட்டியிருப்பதும் நரம்பு, உடம்புக்குள் ஓடுவதும் நரம்பு. தோலின் செய்தியைக் கொண்டுபோகும் இழைக்கு நாம் வைத்திருக்கும் பெயர், இசைக்கருவியின் இழைக்கும் உரியது. தோலொட்டு உணரிகளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் இந்த இரண்டு சொற்களும் எனக்கு நினைவுக்கு வரும். இந்த ஆராய்ச்சி தேடுவதும் கம்பியில்லாத ஒரு நரம்பைத்தான்.

அது ஏன் கடினம்? ஊடலை என்று சிலர் எழுதும் ‘புளூடூத்’தும், அருகலை எனப்படும் ‘வைஃபை’யும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைகளைப் பயன்படுத்துகின்றன. நம் உடம்பில் பெரும்பகுதி நீர். நீர் இந்த அலைகளை உறிஞ்சிக்கொள்ளும். கையில் ஒட்டிய உணரி இடுப்பில் இருக்கும் கைப்பேசிக்குச் செய்தி அனுப்பினால், உடம்புக்குள் போகும் அலை உறிஞ்சப்படும், மிச்சம் நாலாபக்கமும் காற்றில் சிதறும். போய்ச்சேருவது மிகக் கொஞ்சம். அந்தக் கொஞ்சத்துக்காக மின்கலம் ஓயாமல் உழைக்கவேண்டும். தோலில் ஒட்டும் கருவியில் பெரிய மின்கலம் வைக்கவும் முடியாது.

இதற்கு ஒரு விடை சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. ஜான் ஹோ தலைமையிலான குழு 2019இல் ‘நேச்சர் எலக்ட்ரானிக்ஸ்’ இதழில் அதை வெளியிட்டது. சாதாரணச் சட்டைத் துணியின் மேல், சீப்பு வடிவில் வெட்டிய மின்கடத்தும் துணிப்பட்டைகளை ஒட்டினார்கள். அடியில் வடிவம் எதுவும் வெட்டாத மின்கடத்தும் துணி ஒன்று. அலைகள் காற்றில் சிதறாமல், வாய்க்காலில் போகும் நீர் மாதிரி அந்தப் பட்டைகளை ஒட்டியே ஓடுகின்றன. சமிக்ஞை 1000 மடங்கு வலுவாகப் போய்ச்சேருகிறது. பொறியாளர் கணக்கில் சொன்னால் 30 டெசிபல். சமிக்ஞையின் பெரும்பகுதி உடம்பிலிருந்து 10 சென்டிமீட்டருக்குள்ளேயே நின்றுவிடுவதால், எம்ஆர்டி ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் நம் இதயத்துடிப்பை ஒட்டுக்கேட்பதும் கடினம். சட்டையைத் துவைக்கலாம், இஸ்திரி போடலாம். பட்டை கொஞ்சம் கிழிந்தாலும் வேலை செய்யும்.

இந்தப் பட்டைக்கு ஆங்கிலத்தில் ‘மெட்டாமெட்டீரியல்’ என்று பெயர். தமிழில் மீப்பொருள் எனலாம், ‘மெட்டாடேட்டா’வை மீத்தரவு என்பதைப் போல. ஆனால் மீக்கடத்தி, மீயொலி ஆகியவற்றில் மீ என்பது ‘மிகுந்த’ என்ற பொருளில் ஏற்கெனவே நிற்கிறது. ஆகவே முதல்முறை எழுதும்போது, தான் எதனால் ஆனது என்பதைவிட எந்த வடிவில் வெட்டப்பட்டது என்பதாலேயே பண்பு பெறும் பொருள் என்று ஒரு வரி விளக்கம் தந்துவிடுவது நல்லது.

உடம்பில் இப்படிப் பல உணரிகள் ஒன்றோடொன்று பேசும் ஏற்பாட்டுக்கு ‘பாடி ஏரியா நெட்வொர்க்’ என்று பெயர். ஐ-டிரிபிள்-ஈ என்ற பொறியாளர் அமைப்பு 2012இல் இதற்கென்றே 802.15.6 என்ற தரநிலையை வெளியிட்டது. நெட்வொர்க்கைத் தமிழகத்தில் பிணையம் என்றும் எழுதுகிறார்கள். இங்கே நாளிதழில் பிணை என்றால் நீதிமன்றச் செய்தி. ‘உடற்பிணையம்’ என்று எழுதினால் ஆளையே பிணையாக வைத்த மாதிரி இருக்கும், அதோடு பிணம் என்ற சொல்லும் காதில் விழும். நோயாளிக்குக் கொடுக்கும் தாளில் அது வேண்டவே வேண்டாம். உடல் வலையமைப்பு என்பது போதும்.

அடுத்து ‘எலக்ட்ரானிக் ஸ்கின்’, அதாவது தொடுதலை உணரும் செயற்கைத் தோல். மின்னணுத் தோல் என்பது நேர்ச்சொல். மின்னஞ்சல், மின்னிலக்கம் என்று பழகிய சிங்கப்பூர் வாசகருக்கு மின்தோல் என்றாலே விளங்கும். இதிலும் இங்கே ஒரு முக்கியமான வேலை நடந்திருக்கிறது. அதே பல்கலைக்கழகத்தில் பெஞ்சமின் டீ குழுவினர் 2019இல் ‘ஏசஸ்’ என்ற மின்தோலைச் ‘சயன்ஸ் ரோபாட்டிக்ஸ்’ இதழில் அறிமுகப்படுத்தினார்கள். வழக்கமான மின்தோலில் உணரிகளை ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் கேட்கவேண்டும். எண்ணிக்கை கூடக்கூடத் தாமதமும் கூடும், ஒயர்ச் சிக்கலும் கூடும். ஏசஸில் எல்லா உணரிகளும் ஒரே கடத்தியைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனக்கென்று ஒரு துடிப்புக் குறியீடு உண்டு. தொட்ட கணமே, முறை வரும் வரை காத்திராமல் அது குரல் கொடுத்துவிடும். எந்த உணரி தொடப்பட்டது என்பதை 60 நானோநொடிக்குள் பிரித்தறிய முடிகிறது. மனித நரம்பைவிட 1000 மடங்குக்கு மேல் வேகம். இது ரோபோக்களுக்கும் செயற்கைக் கைகளுக்கும் உதவும் தோல். நம் தோலின் மேல் ஒட்டுவது அன்று. செய்திகளில் இந்த இரண்டையும் குழப்பிவிடுகிறார்கள். மின்தோல் வேறு, தோலொட்டு உணரி வேறு.

இன்னொரு குழப்பத்தையும் பார்த்துவிடலாம். தோலில் ஒட்டுவது எல்லாமே கம்பியில்லா உணரி என்று எழுதிவிடுகிறார்கள். பெஞ்சமின் டீ குழுவும் ஏஸ்டார் ஆய்வு அமைப்பும் சேர்ந்து 2023இல் ‘பெட்டல்’ என்ற காயக்கட்டு உணரியை வெளியிட்டன. ஐந்து இதழ்கள் கொண்ட பூவின் வடிவில் ஒரு தாள். வெப்பம், அமிலத்தன்மை, ஈரம், யூரிக் அமிலம், டிரைமெத்திலமீன் என்ற வேதிப்பொருள் ஆகிய ஐந்துக்கும் இதழுக்கு ஒன்றாக நிறம் மாறும். அதில் மின்கலம் இல்லை, அலைபரப்பியும் இல்லை. கட்டைப் பிரிக்காமலேயே 15 நிமிடத்தில் அந்த நிறங்களைக் கைப்பேசியால் படம் எடுக்கிறார்கள். காயம் ஆறுகிறதா, சீழ்ப்பிடிக்கிறதா என்பதைச் செயற்கை நுண்ணறிவு அந்தப் படத்திலிருந்து கணிக்கிறது. ஒயர் இல்லை என்பதற்காக இதைக் கம்பியில்லா உணரி என்று எழுதக்கூடாது. அலைவழியே செய்தி அனுப்பும் கருவிக்கே அந்த அடைமொழி உரியது. பெட்டலை நிறமாறு உணரி என்று எழுதலாம், காயத்தின் மேல் ஒட்டுவது என்று காட்டவேண்டிய இடத்தில் காயவொட்டு உணரி என்றும் எழுதலாம்.