537 வாக்கு வித்தியாசம்: ஃபுளோரிடாவின் மறு எண்ணிக்கை விதி அன்றும் இன்றும்

முதலில் இன்றைய விதியைச் சொல்லிவிடுகிறேன். ஃபுளோரிடா மாநிலத்தில் அதிபர் தேர்தலாக இருந்தாலும் சரி, வேறு தேர்தலாக இருந்தாலும் சரி, முதல் இரண்டு பேருக்கு நடுவில் உள்ள வித்தியாசம் அந்தப் பதவிக்குப் பதிவான வாக்குகளில் அரை சதவீதமோ அதற்குக் குறைவோ என்றால் மறு எண்ணிக்கை தானாக வந்துவிடும். வேட்பாளர் மனு போட வேண்டியதில்லை, நீதிமன்றப் படி ஏற வேண்டியதில்லை. பின்தங்கியவரே "எனக்கு வேண்டாம்" என்று எழுதிக் கொடுத்தால்தான் அது நிற்கும். முதலில் எல்லாச் சீட்டுகளையும் மறுபடி எந்திரத்துக்குள் விடுவார்கள். அதற்குப் பிறகும் வித்தியாசம் கால் சதவீதத்துக்குள் இருந்தால், எந்திரம் ஒதுக்கிய சீட்டுகளை, அதாவது அந்தப் பதவிக்கு வாக்கே பதிவாகாதவற்றையும் ஒருவருக்கு மேல் குறி விழுந்தவற்றையும் மட்டும், மனிதர்கள் கையில் எடுத்துப் பார்ப்பார்கள்.

அரை, கால் என்று இப்படி அளந்து எழுதிய விதி சும்மா வந்ததில்லை. 2000-ஆம் ஆண்டு அதிபர் தேர்தலில் அந்த ஒரு மாநிலம் 36 நாள் ஒரு நாட்டையே நிறுத்தி வைத்தது. அந்தக் கதை தெரிந்தால்தான் இந்த விதியின் ஒவ்வொரு வரியும் எதற்கு என்று புரியும்.

அமெரிக்காவில் அதிபரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. மக்கள் சார்பில் அதிபருக்கு வாக்களிக்கிறவர்கள் எலக்டர்கள். ஒவ்வொரு மாநிலத்துக்கும் இத்தனை எலக்டர்கள் என்று கணக்கு உண்டு, மொத்தம் 538, ஜெயிக்க 270 வேண்டும். ஏறக்குறைய எல்லா மாநிலங்களிலும், ஒரு வாக்கு அதிகம் வாங்கினாலும் போதும், மாநிலத்தின் எலக்டர்கள் மொத்தமும் அவருக்கே. 2000-இல் ஃபுளோரிடாவுக்கு 25 எலக்டர்கள். நாடு முழுக்கக் கூட்டினால் ஜனநாயகக் கட்சியின் அல் கோர் குடியரசுக் கட்சியின் ஜார்ஜ் புஷ்ஷைவிட ஐந்து லட்சத்துக்கும் மேல் கூடுதல் வாக்கு வாங்கியிருந்தார், ஆனால் மற்ற மாநிலங்கள் எல்லாம் முடிந்து பார்த்தால் இரண்டு பேருக்குமே ஃபுளோரிடா இல்லாமல் 270 வரவில்லை.

நவம்பர் 7 இரவு தொலைக்காட்சிகள் முதலில் ஃபுளோரிடா கோருக்கு என்றன, பிறகு அதைத் திரும்பப் பெற்றன, நள்ளிரவு தாண்டி புஷ்ஷுக்கு என்றன, விடிவதற்குள் அதையும் திரும்பப் பெற்றன. கோர் புஷ்ஷுக்குப் போன் போட்டு வாழ்த்துச் சொல்லிவிட்டு, கொஞ்ச நேரத்தில் மறுபடி போன் போட்டு வாழ்த்தை வாபஸ் வாங்கினார். ஏறக்குறைய 60 லட்சம் வாக்குகளில் புஷ் 1,784 வாக்கு முன்னிலை. அரை சதவீத விதி அப்போதே இருந்ததால் எந்திர மறு எண்ணிக்கை தானாகத் தொடங்கியது, அது முடிந்தபோது முன்னிலை முந்நூற்றுச் சொச்சமாகச் சுருங்கிவிட்டது.

அன்றைய விதியில் இருந்த ஓட்டைகள்

எந்திர மறு எண்ணிக்கை வரைக்கும் சட்டம் தெளிவாகத்தான் இருந்தது. கையால் எண்ணுவது என்று வந்ததும் குழப்பம் ஆரம்பித்தது.

அன்றைய சட்டப்படி கையால் எண்ணச் சொல்லி வேட்பாளரோ அவர் கட்சியோதான் கேட்க வேண்டும், அதுவும் மாநிலத்திடம் கேட்க முடியாது, கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) கவுண்டியாகப் போய்க் கேட்க வேண்டும். இந்தியாவில் உள்ள மாதிரி எல்லாவற்றையும் நடத்தும் ஒரே தேர்தல் ஆணையம் அங்கே கிடையாது. ஃபுளோரிடாவில் 67 கவுண்டிகள், ஒவ்வொன்றிலும் மூன்று பேர் கொண்ட ஒரு வாரியம்: ஒரு கவுண்டி நீதிபதி, தேர்தல் மேற்பார்வையாளர், கவுண்டி கமிஷன் தலைவர். கோர் தரப்பு நான்கு கவுண்டிகளில் மட்டும் கேட்டது: வொலூசியா, பாம் பீச், பிரோவர்ட், மயாமி-டேட். நான்குமே அவருக்கு ஆதரவான இடங்கள். மாநிலம் முழுக்க எண்ணுங்கள் என்று முதல் நாளே கேட்காமல் போனது எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது. ஆனால் கேட்பதற்கு அப்படி ஒரே வழி சட்டத்தில் இல்லை, 67 இடத்திலும் தனித்தனியாகக் கேட்டிருக்க வேண்டும், அதற்கும் சில நாள்தான் அவகாசம்.

வாரியம் முதலில் ஒரு சதவீதச் சீட்டுகளை மாதிரிக்கு எண்ணிப் பார்க்கும். முடிவை மாற்றக்கூடிய அளவுக்கு எண்ணிக்கையில் பிழை தெரிந்தால் முழுவதையும் கையால் எண்ணலாம். இங்கேதான் முதல் சண்டை. எந்திரம் பழுதானால் மட்டும்தான் பிழையா, வாக்காளர் துளையைச் சரியாகக் குத்தாததால் எந்திரம் படிக்காமல் விட்டதும் பிழையா? தேர்தல்களுக்குப் பொறுப்பான மாநிலச் செயலர் கேத்ரின் ஹாரிஸ் தரப்பு முதலாவதுதான் என்றது. மாநிலத் தலைமை வழக்கறிஞர் பாப் பட்டர்வொர்த் இரண்டாவதும் சேரும் என்றார். இரண்டும் ஒரே மாநில அரசின் இரண்டு அலுவலகங்கள், எதைக் கேட்பது என்று கவுண்டி வாரியங்கள் திணறின.

அடுத்தது காலக்கெடு. தேர்தல் முடிந்து ஏழு நாளில் கவுண்டிகள் கணக்கை அனுப்ப வேண்டும். தாமதமாக வந்தால்? சட்டத்தின் ஒரு பிரிவு ஒதுக்கித் தள்ள வேண்டும் என்றது, இன்னொரு பிரிவு ஒதுக்கித் தள்ளலாம் என்றது. பெரிய கவுண்டியில் லட்சக்கணக்கான சீட்டுகளைக் கையால் எண்ண ஏழு நாள் எப்படிப் போதும் என்று எழுதியவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை. மாநில உச்ச நீதிமன்றம் கெடுவை நவம்பர் 26 வரை நீட்டியது. மயாமி-டேட் முடிக்க முடியாது என்று நடுவிலேயே நிறுத்திவிட்டது. பாம் பீச் இரவு பகலாக எண்ணியும் கெடுவுக்கு இரண்டு மணி நேரம் பின்னால்தான் முடித்தது, ஹாரிஸ் அந்தக் கணக்கை ஏற்கவில்லை. அன்று மாலை அவர் சான்றளித்த வித்தியாசம்தான் 537.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை எது வாக்கு என்பதில் இருந்தது. பல கவுண்டிகளில் அப்போது துளையிடும் அட்டைதான். வாக்காளர் ஒரு ஊசியால் குத்துவார், சின்னச் சதுரத் துண்டு கீழே விழ வேண்டும், அந்தத் துளை வழியாக எந்திரம் படிக்கும். துண்டு முழுதாக விழாமல் ஒரு மூலையில் தொங்கிக்கொண்டிருந்தால்? இரண்டு மூலையில் ஒட்டிக்கொண்டிருந்தால்? விழவே இல்லை, அழுத்திய தடம் மட்டும் இருக்கிறது என்றால்? சட்டத்தில் இருந்தது ஒரே வரி: வாக்காளரின் எண்ணம் தெளிவாகத் தெரிய வேண்டும். எப்படித் தெரிந்துகொள்வது என்று ஒரு வார்த்தை இல்லை. அதனால் ஒரு கவுண்டி தடம் இருந்தாலே வாக்கு என்றது, இன்னொன்று அதே தடத்தை ஒதுக்கியது, பாம் பீச்சில் எண்ணிக்கை நடக்கும்போதே அளவுகோலை மாற்றினார்கள். அட்டையை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பிடித்து, கண்ணை இடுக்கிப் பார்க்கும் அதிகாரிகளின் படம் உலகம் முழுக்கப் போனது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, யாரும் எழுதித் தராத விதியை அவர்கள் உட்கார்ந்த இடத்தில் உண்டாக்க வேண்டியிருந்தது.

டிசம்பர் 8 அன்று மாநில உச்ச நீதிமன்றம் 4-க்கு 3 என்ற கணக்கில், எந்திரத்தில் வாக்கே பதிவாகாத சீட்டுகளை மாநிலம் முழுக்கக் கையால் பார்க்கச் சொன்னது. மறுநாளே அமெரிக்க உச்ச நீதிமன்றம் தடை போட்டது. டிசம்பர் 12 இரவு 10 மணி வாக்கில் தீர்ப்பு வந்தது. ஒரே மாதிரிச் சீட்டை ஒரு கவுண்டி எண்ணுகிறது, மற்றது எண்ணவில்லை, இது சமத்துவத்துக்கு எதிரானது என்பதில் ஒன்பதில் ஏழு நீதிபதிகளுக்குச் சிக்கல் தெரிந்தது. ஆனால் சரிசெய்து மறுபடி எண்ணலாமா என்ற கேள்விக்கு 5-க்கு 4 என்று, நேரமில்லை என்றார்கள். ஒரு மாநிலம் தன் சர்ச்சைகளை எலக்டர்கள் கூடுவதற்கு ஆறு நாள் முன்னால் முடித்துவிட்டால் காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், அதைக் கேள்வி கேட்காது என்று கூட்டாட்சிச் சட்டம் ஒரு பாதுகாப்பு தருகிறது, அந்த ஆண்டு அதற்குக் கடைசி நாள் அதே டிசம்பர் 12. தீர்ப்பு வந்தபோது அந்த நாளில் இரண்டு மணி நேரம்தான் மிச்சம். மறுநாள் கோர் தோல்வியை ஒப்புக்கொண்டார், புஷ் 271 எலக்டர்களோடு அதிபரானார்.

பிறகு பெரிய பத்திரிகைகள் சேர்ந்து சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஆய்வு மையத்தைக் கொண்டு, எண்ணாமல் விட்ட 1,75,010 சீட்டுகளையும் பார்க்க வைத்தன. முடிவு 2001 நவம்பரில் வந்தது. கோர் கேட்ட நான்கு கவுண்டிகளை மட்டும் எண்ணியிருந்தால் புஷ்தான். மாநில நீதிமன்றம் சொன்னபடி வாக்கு பதிவாகாத சீட்டுகளை மட்டும் பார்த்திருந்தாலும் புஷ்தான். ஆனால் இரண்டு பேருக்குக் குறி விழுந்து செல்லாமல் போன சீட்டுகளையும் சேர்த்து மாநிலம் முழுக்கப் பார்த்திருந்தால் கோர் ஒரு நூலிழையில் வந்திருப்பார், அதையோ அவர் தரப்பு வலியுறுத்திக் கேட்கவே இல்லை. எதை எண்ணுகிறோம், எந்த அளவுகோலால் எண்ணுகிறோம் என்பதே ஆளை மாற்றும் என்றால், அதை எண்ண ஆரம்பித்த பிறகு முடிவு செய்யக்கூடாது. அப்போது யார் முடிவு செய்தாலும் அது ஒரு பக்கத்துக்குச் சாதகம்தான்.

பிறகு என்ன மாறியது

2001-இல் ஃபுளோரிடா துளை அட்டைகளை அடியோடு தடை செய்தது. கையால் எண்ண வேட்பாளர் கவுண்டி கவுண்டியாகப் போய்க் கேட்கும் முறை போனது, இன்று மாநிலத் தேர்தல் என்றால் மாநிலச் செயலரே எல்லாக் கவுண்டிகளுக்கும் உத்தரவிடுகிறார். எது வாக்கு என்பதற்கு மாநிலமே முன்கூட்டி விதி எழுதி வைக்க வேண்டும் என்றும் ஆக்கினார்கள். வட்டத்தை நிரப்பாமல் பெயரைச் சுற்றி வளைத்திருந்தால் என்ன, ஒருவர் எல்லாப் பதவிகளுக்கும் ஒரே மாதிரி டிக் போட்டிருந்தால் என்ன என்பதற்கெல்லாம் அதில் வழிகாட்டுதல் இருக்கிறது. குறைந்தது இரண்டு பேர் கொண்ட குழு பார்க்கும், முடிந்தவரை வெவ்வேறு கட்சிக்காரர்கள், அவர்களுக்குள் ஒத்துவராவிட்டால் சீட்டு மூன்று பேர் வாரியத்துக்குப் போகும். ஒதுக்கிய சீட்டுகளின் மொத்த எண்ணிக்கையே வித்தியாசத்தைவிடக் குறைவாக இருந்தால், அதாவது எல்லாம் ஒருவருக்கே விழுந்தாலும் முடிவு மாறாது என்றால், கையால் எண்ண மாட்டார்கள்.

நடுவில் ஒரு தவறான திருப்பமும் உண்டு. துளை அட்டையை விட்ட பல பெரிய கவுண்டிகள் தொடுதிரை எந்திரத்துக்குப் போயின, காகிதமே இல்லை. 2006-இல் சாரசோட்டா பக்கத்து 13-ஆவது காங்கிரஸ் தொகுதியில் வித்தியாசம் 369 வாக்கு, ஆனால் சாரசோட்டா கவுண்டியில் மட்டும் சுமார் 18,000 பேர் அந்தப் பதவிக்கு வாக்கே போடவில்லை என்று எந்திரம் காட்டியது. எடுத்துப் பார்க்கச் சீட்டு இருந்தால்தானே மறு எண்ணிக்கை? 2007-இல் மாநிலம் காகிதச் சீட்டும் ஸ்கேனரும் என்று சட்டம் போட்டது, அதுதான் இன்றும்.

புதிய விதிக்கு உண்மையான சோதனை 2018-இல் வந்தது. செனட், ஆளுநர், வேளாண் ஆணையர் என்று மூன்று மாநிலத் தேர்தல்கள் ஒரே நேரத்தில் மறு எண்ணிக்கைக்குப் போயின. எந்திரச் சுற்றில் பாம் பீச்சின் பழைய எந்திரங்கள் சூடாகிப் பழுதாகி, கெடுவுக்குள் முடிக்க முடியவில்லை. பிரோவர்ட் முடித்தது, ஆனால் கணக்கு இரண்டு நிமிடம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தது. இரண்டு கவுண்டிகளுக்கும் முதல் எண்ணிக்கையையே ஏற்றுக்கொண்டார்கள். முடிவு மாறவில்லை, செனட்டில் ரிக் ஸ்காட் சுமார் 10,000 வாக்கில் ஜெயித்தார். ஆனாலும் எந்த அளவுகோல் என்று 2000-இல் நடந்த அளவுக்குச் சண்டை இல்லை, ஏனென்றால் அது முன்பே எழுதியிருந்தது. காலக்கெடுதான் இன்னும் பெரிய கவுண்டிகளின் கழுத்தைப் பிடிக்கிறது. அது இந்த விதியில் இன்றும் இருக்கும் குறை என்றே நினைக்கிறேன்.

கூட்டாட்சி அளவில் 2022-இல் ஒரு சட்டம் வந்தது. எலக்டர்கள் கூடுவதற்கு ஆறு நாள் முன்னால் ஆளுநர் சான்றிதழ் தந்தே ஆக வேண்டும், வழக்கு வந்தால் மூன்று நீதிபதிகள் அமர்வு வேகமாக விசாரிக்கும். 2024-இல் அந்த நாள் டிசம்பர் 11. ஆக, மறு எண்ணிக்கை எல்லாம் சுமார் ஐந்து வாரத்துக்குள் முடிந்தாக வேண்டும்.

மறு எண்ணிக்கை தொடாத விஷயம்

பாம் பீச்சின் வண்ணத்துப்பூச்சிச் சீட்டு பற்றிப் பலரும் கேட்கிறார்கள். முதியவர்கள் படிக்க வசதியாக எழுத்தைப் பெரிதாக்க நினைத்து, வேட்பாளர் பெயர்களை இரண்டு பக்கமும் வைத்து, துளைகளை நடுவில் வைத்தார்கள். இடது பக்கம் இரண்டாவதாக இருந்த கோருக்கு மூன்றாவது துளை, இரண்டாவது துளை வலது பக்கத்தில் இருந்த சிறிய கட்சி வேட்பாளர் பேட் புகேனனுக்கு. புகேனனுக்கு அங்கே 3,400-க்கும் மேல் வாக்கு விழுந்தது, 19,000-க்கும் மேற்பட்ட சீட்டுகளில் இரண்டு துளை விழுந்து செல்லாமல் போயின. எவ்வளவு எண்ணினாலும் புகேனன் துளையில் விழுந்த வாக்கு புகேனன் வாக்குதான், அதைத் திருத்த அன்றும் வழியில்லை, இன்றும் இல்லை. அங்கே போய் வரிசையில் நின்று வாக்களித்தவர்களை நினைத்தால் மனம் கனக்கிறது. 2018-இல் பிரோவர்ட் சீட்டிலும் செனட் தேர்தலைக் குறிப்புகளுக்கு அடியில் ஓர் ஓரமாக அச்சடித்திருந்தார்கள், ஆயிரக்கணக்கானவர்கள் அதைக் காலியாக விட்டுவிட்டுப் போனார்கள்.

அதனால் ஃபுளோரிடாவில் வாக்குரிமை உள்ள நம்மவர்களுக்கு நடைமுறையில் தேவையானது இதுதான். மறு எண்ணிக்கை தொடங்கிய பிறகு வாக்காளர் செய்ய ஒன்றுமில்லை, அதற்கு முன்னால்தான் இருக்கிறது. வாக்குச்சாவடியில் ஒரே பதவிக்கு இரண்டு பேருக்குக் குறி போட்டுவிட்டால் ஸ்கேனர் காட்டிக்கொடுக்கும், தயங்காமல் புதுச் சீட்டு கேளுங்கள், முதல் சீட்டையும் சேர்த்து மூன்று வரை தருவார்கள். தபாலில் போடுகிறவர்களுக்கு அந்த ஸ்கேனர் உதவி கிடையாது, இரண்டு பக்கமும் ஒருமுறை நிதானமாகப் பார்த்துவிட்டு உறையை ஒட்டுங்கள். உள்நாட்டில் இருந்து அனுப்பும் சீட்டு தேர்தல் நாள் மாலை 7 மணிக்குள் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும், அன்றைய தபால் முத்திரை இருந்தால் மட்டும் போதாது. அப்புறம், உறையில் போட்ட கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று அலுவலகம் சொன்னால், தேர்தலுக்கு அடுத்த இரண்டாவது நாள் மாலை 5 மணி வரை அடையாள அட்டையோடு சரிசெய்து கொடுக்கலாம்.