பேட்டரி: மின்கலமா, மின்கல அடுக்கா, மின்சேமிப்பானா?

வேலூரிலிருந்து காட்பாடிக்குப் போகும் சாலையில் மின் ஸ்கூட்டர் கடைகள் பெருகிய பிறகு, அவற்றின் தட்டிகளிலும் துண்டறிக்கைகளிலும் பேட்டரிக்கு ‘மின்சேமிப்பான்’ என்னும் சொல் ஓயாமல் கண்ணில் படுகிறது. ‘கழற்றி மாட்டும் மின்சேமிப்பான்’ என்கிறது ஒரு தட்டி. ‘மின்சேமிப்பானுக்குத் தனி உத்தரவாதம்’ என்கிறது இன்னொன்று. கடைக்காரர் எழுதுவதைக் கடைக்காரரோடு விட்டுவிடலாம் என்றிருந்தேன். ஆனால் அண்மையில் ஒரு பள்ளியின் அறிவியல் கண்காட்சியில், எலுமிச்சம்பழங்களில் துத்தநாகம் பூசிய ஆணியையும் செம்புக் கம்பியையும் செருகிச் சிறு விளக்கை எரியவைத்திருந்த ஒரு மாணவி, அதன் கீழே ‘எலுமிச்சை மின்சேமிப்பான்’ என்று அழகான கையெழுத்தில் எழுதி வைத்திருந்தாள். அந்தப் பழம் எந்த மின்சாரத்தை, எப்போது சேமித்தது? அதற்குள் மின்சாரத்தை ஏற்றியவர் யார்? தவறு மாணவியுடையது அன்று. அவளுக்குக் கிடைத்த சொல்லுடையது. ஆகவே இச்சொல்லைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டியிருக்கிறது.

மூலச்சொல்லின் வரலாறு நீளமானதன்று. ‘அடித்தல்’ என்று பொருள்படும் பிரெஞ்சு வினையிலிருந்து வந்த ‘பேட்டரி’, ஐரோப்பியப் படைகளில் முதலில் சுவரை அடித்துத் தகர்ப்பதையும், பின்னர் அதற்காக ஒருங்கே நிறுத்தப்பட்ட பீரங்கிகளின் வரிசையையும் குறித்தது. கோட்டையும் கொத்தளமும் உள்ள ஊரில் இதை விளக்கத் தேவையில்லை. 1806 ஜூலை 10 அன்று கிளர்ந்தெழுந்த சிப்பாய்களின் கையிலிருந்த வேலூர்க் கோட்டைக்குள், ஆர்க்காட்டிலிருந்து வந்த ஆங்கிலேயத் தளபதி கில்லஸ்பியின் படை வாயிற்கதவைப் பீரங்கியால் தகர்த்துத்தான் நுழைந்தது. மின்சாரத்துக்கு இச்சொல்லைக் கொண்டுவந்தவர் பெஞ்சமின் பிராங்கிளின். 1740களின் இறுதியில், பதினொரு கண்ணாடிப் பலகைகளின் இருபுறமும் ஈயத் தகடுகளைப் பொருத்தி, அவற்றில் உராய்வு மின்சாரத்தை ஏற்றி, அதை எல்லாப் பலகைகளிலிருந்தும் ஒருசேரப் பொறியாகப் பாயவைத்தபோது, பல பீரங்கிகள் ஒரே நேரத்தில் முழங்குவதை நினைத்து அவர் அதை மின் பேட்டரி என்று அழைத்தார்.

‘மின்சேமிப்பான்’ தரப்பினருக்குச் சாதகமான ஒரே சான்று இதுவே. பிராங்கிளினின் கருவி உண்மையில் மின்னூட்டத்தைச் சேமித்தது. ஆனால் அவர் அடுக்கியது இன்று நாம் பேட்டரி என்னும் பொருளே அன்று, அது ஆங்கிலத்தில் கெப்பாசிட்டர் எனப்படும் மின்தேக்கி. லெய்டன் சாடி என்று பாடநூல்கள் கூறும் கருவியின் தட்டை வடிவம் அது. பெயர் மட்டும் அங்கிருந்து கிளம்பி, வேறொரு கருவியின்மேல் வந்து அமர்ந்துவிட்டது.

அந்த வேறொரு கருவியைச் செய்தவர் இத்தாலியரான அலெசாண்ட்ரோ வோல்ட்டா. துத்தநாக வட்டு ஒன்று, வெள்ளி அல்லது செம்பு வட்டு ஒன்று, இடையே உப்புநீரில் நனைத்த அட்டை என்று மாற்றி மாற்றி ஒரு தூணைப்போல் அடுக்கி, அதன் மேல்முனையையும் கீழ்முனையையும் கம்பியால் இணைத்தபோது மின்னோட்டம் நிற்காமல் ஓடியது. 1800 மார்ச் 20 அன்று லண்டன் ராயல் சொசைட்டியின் தலைவருக்கு எழுதிய கடிதத்தில் அவர் இதை விவரித்தார். இறந்த தவளையின் கால் துடிப்பதற்கு உயிருக்குள் உறையும் மின்சாரமே காரணம் என்று இத்தாலிய அறிஞர் கால்வானி கூறியதற்கு அது மறுப்பாகவும் அமைந்தது. நாம் கவனிக்க வேண்டியது, வோல்ட்டா அந்தத் தூணுக்குள் முன்கூட்டி எந்த மின்சாரத்தையும் ஏற்றவில்லை என்பதை. சேமிப்பு இல்லாமலே மின்னோட்டம் பிறந்ததுதான் அக்கண்டுபிடிப்பின் வியப்பு. அந்த வியப்பையே ‘மின்சேமிப்பான்’ என்னும் சொல் அழித்துவிடுகிறது.

துத்தநாகம் எளிதில் எலக்ட்ரானை இழக்கும் உலோகம். அது கரைந்து அயனியாகும்போது, அதாவது மின்னூட்டம் பெற்ற அணுவாகும்போது, விடுபடும் எலக்ட்ரான்கள், நடுவிலுள்ள கரைசலின் வழியே போக முடியாமல், வெளியிலுள்ள கம்பியின் வழியாக மறுமுனைக்குப் போகின்றன; கரைசலுக்குள் அயனிகள் நகர்ந்து கணக்கைச் சரிசெய்கின்றன. கம்பியின் நடுவே விளக்கு இருந்தால் விளக்கு எரிகிறது. மாணவியின் எலுமிச்சையில் நடந்ததும் இதுவே. விளக்கை எரித்த ஆற்றல் பழத்திலிருந்து வரவில்லை, துத்தநாகத்திலிருந்து வந்தது. பழச்சாறு அயனிகள் நகர வழிவிட்டதோடு வினையிலும் சிறிது பங்கு கொண்டது. 1866இல் லெக்லான்சே அமைத்த கலத்தில் இதே துத்தநாகத்துக்கு எதிர்முனையாக மாங்கனீசு டை ஆக்சைடும் நடுவே நவச்சாரக் கரைசலும் இருந்தன. இருபது ஆண்டுகள் கழித்துக் கார்ல் காஸ்னர் அக்கரைசலைக் குழம்பாக்கித் துத்தநாகக் குவளைக்குள் அடைத்த பிறகே அது டார்ச்சுக்குள் புகுந்தது. அதை ‘உலர் மின்கலம்’ என்கிறோம்; உள்ளே ஈரம் இல்லாவிட்டால் அது வேலை செய்யாது என்பது வேறு கதை.

‘சரி, திரும்பத் திரும்ப மின்னேற்றும் பேட்டரிகளாவது மின்சாரத்தைச் சேமிக்கின்றனவே’ என்று கேட்பார்கள். இந்த வாதத்துக்கு இடம்கொடுத்தது 1859இல் பிளாண்டே உருவாக்கிய ஈய அமிலக் கலம். ஆங்கிலேயர் அதை நெடுங்காலம் ‘அக்யுமுலேட்டர்’ என்றே அழைத்ததால், அதைத் தமிழாக்கிய நம்மவர்கள் ‘சேமிப்புக் கலம்’ என்றார்கள். அந்த ஒரு வகைக்கு மட்டும் இட்ட பெயர், காலப்போக்கில் ‘கலம்’ என்னும் பகுதியை உதிர்த்து ‘சேமிப்பான்’ ஆகி, எல்லா வகைக்கும் பரவியதே இன்றைய குழப்பம். ஆனால் ஈய அமிலக் கலத்திலும் சேமிக்கப்படுவது மின்சாரம் அன்று. மின்னேறிய நிலையில் ஒரு தகட்டில் ஈயமும் மறு தகட்டில் ஈய டை ஆக்சைடும் இருக்கின்றன. மின்சாரம் எடுக்க எடுக்க இரண்டுமே ஈய சல்பேட்டாக மாறுகின்றன. கந்தக அமிலம் செலவாகி, கரைசலில் நீர் மிகுகிறது. பழைய பேருந்து நிலையத்துப் பக்கம் பேட்டரி பழுதுபார்க்கும் எந்தக் கடையிலும், கண்ணாடிக் குழாய்க்குள் மிதவை உள்ள ஒரு கருவியால் அமிலத்தை உறிஞ்சி ‘கிராவிட்டி’, அதாவது நீரோடு ஒப்பிட்ட அதன் அடர்த்தி, பார்ப்பார்கள். முழு மின்னேற்றத்தில் ஏறத்தாழ 1.28 காட்டும் அந்த எண், பேட்டரி இறங்க இறங்கக் குறையும். சேமிப்பு இருப்பது அமிலத்திலும் தகட்டிலும், அதாவது வேதிப்பொருளில் என்பதை அந்த மிதவை கண்ணுக்கு நேரே காட்டுகிறது. மின்னேற்றும்போது வெளியிலிருந்து செலுத்தும் மின்னோட்டம் அவ்வேதிவினையைப் பின்னோக்கித் திருப்புகிறது, அவ்வளவே. ஒரு முனையில் நுழையும் எலக்ட்ரான்களின் அளவுக்கு மறுமுனையிலிருந்து வெளியேறுவதால், முழுதாக மின்னேறிய பேட்டரியிலும் முற்றும் இறங்கிய பேட்டரியிலும் எலக்ட்ரான்களின் எண்ணிக்கை ஒன்றுதான். மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீரை ஏற்றி வைப்பதைப்போல மின்சாரத்தை ஏற்றி வைக்கிறோம் என்று ‘மின்சேமிப்பான்’ கற்பிக்கிறது. அப்படிக் கற்ற மாணவருக்கு, பின்னர் மேல்வகுப்பில் மின்வேதியியல் நடத்தும் ஆசிரியர் முதலில் அதை மறக்கச் செய்ய வேண்டியிருக்கிறது.

லித்தியம் அயனி வகையும் இதற்கு விலக்கன்று. கிராபைட் அடுக்குகளுக்கும் உலோக ஆக்சைடுக்கும் இடையே லித்தியம் அயனிகள் போய்ப் போய் வருகின்றன. எலக்ட்ரான்கள் வெளிச்சுற்றில் போகின்றன. விட்டிங்காம், குடினஃப், யோஷினோ ஆகிய மூவரும் 1970களிலும் 80களிலும் செய்த பணிகளால் அது உருப்பெற்று, 1991இல் சந்தைக்கு வந்தது. 2019இல் மூவருக்கும் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. ராணிப்பேட்டையில் உருவாகும் மின் ஸ்கூட்டர்கள் வரை ஓடுவது வேதிவினையால்தான். உண்மையாகவே மின்னூட்டத்தைப் பிரித்து வைத்திருக்கும் கருவிக்கு ‘மின்தேக்கி’ என்னும் நல்ல சொல் நம் பாடநூல்களில் நெடுநாளாக இருக்கிறது. சேமிப்பதும் தேக்குவதும் ஏறக்குறைய ஒரே பொருள் தருவன. மாறுபட்ட இரு கருவிகளுக்கு ஒரே பொருளுடைய இரு பெயர்களைச் சூட்டிவிட்டு, மாணவர் குழம்புகிறார் என்று நொந்துகொள்வதில் நியாயமில்லை.

இன்னொரு போட்டிச் சொல்லையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். தூய தமிழ் வேண்டும் என்னும் நல்ல நோக்கத்தோடு சிலர் ‘சேமக்கலம்’ என்று எழுதுகிறார்கள். கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் சேமக்கலம் என்பது சேகண்டி. புரட்டாசிச் சனிக்கிழமையில் வீடு தேடி வரும் தாசர்களின் கையிலும், இறுதி ஊர்வலத்தின் முன்னாலும் சங்கோடு சேர்ந்து ஒலிப்பது. வட ஆர்க்காட்டில் அச்சொல் இன்னும் உயிரோடிருக்கிறது. உயிரோடிருக்கும் சொல்லின் பொருளைப் பறித்து வேறொன்றுக்குக் கொடுப்பது தூய்மை ஆகாது. நம் சொற்களையே நாம் அறியவில்லை என்பதைக் காட்டிக்கொள்வது ஆகும்.

அப்படியானால் எது சரி? தனி ஒன்றுக்கு ‘மின்கலம்’. பல சேர்ந்ததற்கு ‘மின்கல அடுக்கு’. இரண்டும் பாடநூல்களில் உள்ளவையே. ஆங்கிலத்தின் ‘செல்’, சிற்றறை என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. நம் ‘கலம்’ பாண்டமும் ஆகும், மரக்கலமும் ஆகும், அணிகலனும் ஆகும், நெல் அளக்கும் பேரளவும் ஆகும். தனக்குள் ஒன்றை ஏந்தி நிற்பது என்னும் கருத்து இவற்றுள் பெரும்பாலானவற்றில் உண்டு. மின்னைத் தரும் கலம் மின்கலம் என்றால் அது சேமித்ததா, ஆக்கியதா என்னும் வம்புக்குள் சொல் போவதே இல்லை. ‘மின்கலன்’ என்று எழுதுவதும் பிழையன்று. நிலம் நிலன் ஆவதைப்போன்ற மகர னகர மயக்கத்தை நன்னூல் ஏற்கிறது. ஆனால் ஒரே நூலில் ஒரு பக்கம் கலம், மறுபக்கம் கலன் என்று எழுதினால், படிக்கும் பிள்ளை அவை இரண்டும் வெவ்வேறு கருவிகள் என்றே எண்ணும். ஒன்றைப் பிடித்துக்கொள்வது நலம்.

‘அடுக்கு’ என்பதற்கு எதிராகவும் ஒரு முறையீடு உண்டு: கார் பேட்டரியில் கலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இல்லையே, பக்கத்தில் பக்கத்தில் தானே இருக்கின்றன என்பது. அடுக்குத்தொடரில் சொற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியா நிற்கின்றன? தமிழில் அடுக்கு என்பது வரிசையாகத் தொடர்வதையும் குறிக்கும். மேலும் வோல்ட்டா செய்தது அப்பட்டமான அடுக்கு. பிரெஞ்சுக்காரர்கள் இன்றும் சிறு மின்கலத்தை ‘பீல்’, அதாவது ‘அடுக்கு’, என்றே அழைக்கிறார்கள். பீரங்கியை நினைவூட்டும் ஆங்கிலச் சொல்லைவிட நம் சொல் கருவியின் பிறப்போடு நெருங்கி நிற்கிறது.

தனிக்கலம், அடுக்கு என்னும் வேறுபாடு வெறும் இலக்கணச் செருக்கு அன்று. கார் பேட்டரிக்குள் தலா 2 வோல்ட் தரும் ஆறு கலங்கள் தொடராக இணைந்து 12 வோல்ட் தருகின்றன. 48 வோல்ட் ஸ்கூட்டர் பேட்டரியில் ஏறத்தாழ 3.7 வோல்ட் உள்ள லித்தியம் கலங்கள் 13 தொடராக இருக்கும். ஒரு கலம் கெட்டால் அடுக்கு முழுவதும் படுத்துவிடும் என்பதைப் பழுதுபார்ப்பவர் ‘ஒரு செல் போயிடுச்சு’ என்று துல்லியமாகச் சொல்கிறார். டார்ச்சுக்கே ‘பேட்டரி’ என்றும், அதனுள் போடுவதற்குக் ‘கட்டை’ என்றும் சொல்லும் நம் கிராமத்து வழக்கிலும் முழுமைக்கு ஒரு பெயர், உறுப்புக்கு ஒரு பெயர் என்னும் தெளிவு இருக்கிறது. கடிகாரத்தில் போடும் ஒற்றைக் கலத்தையும் ஆங்கிலம் பேட்டரி என்றே அழைப்பது ஆங்கிலத்தின் சோம்பல். அதையும் சேர்த்து மொழிபெயர்த்து ‘மின்கல அடுக்கு’ என்று எழுதும் நம்மவரை என்னென்பது! அந்த இடத்தில் ‘மின்கலம்’ என்பதே சரி. கடையில் கேட்கும்போது யாரும் மின்கலம் என்று கேட்க வேண்டாம். பேச்சில் பேட்டரி நூறாண்டுக்கு இருக்கட்டும். என் வழக்கு, பாடநூலையும் கையேட்டையும் அறிவிப்பையும் பற்றியது.

அறிவிப்புகளின் நிலையோ நாளுக்கு நாள் மோசமாகிறது. கருவி மொழிபெயர்ப்பை அப்படியே ஒட்டும் பழக்கம் வந்த பிறகு, மின்னேற்றும் இடம் ‘கட்டண நிலையம்’ ஆகிவிட்டது. ஏனெனில் ‘சார்ஜ்’ என்பதற்கு அகராதியில் முதலில் நின்ற பொருள் கட்டணம். மருத்துவத்துக்குப் பெயர்பெற்ற இந்த ஊரில், ஒருவருக்கு வரிசையாகச் செய்யும் பரிசோதனைகளை ஆங்கிலத்தில் ‘பேட்டரி’ என்பார்கள். அதை ‘சோதனைகளின் மின்கலம்’ என்று ஆக்கிய ஒரு தகவல் தாளை நானே படித்திருக்கிறேன். அங்கே வேண்டியது ‘பரிசோதனைத் தொகுதி’. சொல்லைப் பார்ப்பவர் அது நிற்கும் இடத்தைப் பார்ப்பதில்லை. பார்த்துத் திருத்துவதற்கென்று ஒருவரை அமர்த்துவதை நிறுவனங்கள் வீண்செலவு என்று எண்ணத் தொடங்கிவிட்டன.

மொழிபெயர்ப்பாளர்கள் வினைச்சொல்லில் செய்யும் தவறு இன்னும் நுட்பமானது. டார்ச் அணைந்தால் ‘கட்டை தீந்துபோச்சு’ என்றும், வண்டி கிளம்பாவிட்டால் ‘பேட்டரி எறங்கிடுச்சு’ என்றும் இங்கே சொல்வார்கள். முதலாவதில் துத்தநாகம் உண்மையாகவே செலவழிந்து தீர்கிறது, மீண்டும் ஏற்ற வழியில்லை. இரண்டாவது இறங்கியது, மறுபடி ஏறும். பாடநூல் முதன்மை மின்கலம், துணை மின்கலம் என்று பிரிப்பதை இரண்டு வினைகள் சிரமமின்றிப் பிரித்துவிடுகின்றன. கையேடு எழுதுவோர் முதன்மை மின்கலத்துக்குத் ‘தீர்ந்தது’ என்றும், துணை மின்கலத்துக்கு ‘இறங்கியது’ என்றும் எழுதலாம். இரண்டுக்கும் பொதுவாக ‘காலியாக உள்ளது’ என்று எழுதுவதை விட்டுவிடலாம். இறங்கிய ஈய அமில பேட்டரிக்குள் ஈய சல்பேட்டும் நீர்த்த அமிலமும் நிறைந்தே இருக்கின்றன.