கண்ணில் சுண்ணாம்பு பட்டால் முதலில் தேட வேண்டியது தண்ணீர்க் குழாய்

பெங்களூரில் வார இறுதிக் கலைப்பட்டறைகளுக்குப் போகிற தமிழ்க் குடும்பங்கள் என்னிடம் நிறைய வருகின்றன. கண் மருத்துவராக அவர்களிடம் நான் அடிக்கடி பேசுவது இரண்டு பட்டறைகளைப் பற்றி. ஒன்று, சுண்ணாம்புச் சாந்தில் கரணையால், அதாவது கொத்தனாரின் பூச்சுக் கரண்டியால், படம் வரையும் ஜப்பானிய முறை. மற்றது, காமிரா இல்லாமல் வெயிலில் படம் எடுப்பது. இரண்டுமே அருமையான கலைகள். போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் சுண்ணாம்பைச் சாதாரணமாக நினைத்துக்கொண்டு போகாதீர்கள்.

ஜப்பானில் கரணை ஓவியத்தைக் 'கொத்தே-எ' என்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் இசு தீபகற்பத்தைச் சேர்ந்த இரியே சோஹாச்சி என்ற சாந்துப்பூச்சுக் கலைஞர் அதைப் பெரிய கலையாக வளர்த்தார். அவர் பிறந்த மட்சுசாக்கி ஊரில் அவர் பெயரிலேயே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. தண்ணீர் விட்டு நீற்றிய சுண்ணாம்பு, சணல் நார், கடற்பாசிப் பசை, இவைதான் அந்தச் சாந்து. ஹிமேஜி கோட்டை அவ்வளவு வெள்ளையாக இருப்பதும் இந்தப் பூச்சால்தான். நமக்கும் இது அந்நியமில்லை. கடுக்காய், வெல்லம், முட்டை வெள்ளைக்கரு சேர்த்துச் சுண்ணாம்பு அரைத்தவர்கள் நம் கொத்தனார்கள். கோபுரத்துச் சுதைச் சிற்பமெல்லாம் அந்தக் கைகள் செய்ததுதான்.

பழகிய பொருள் என்பதாலேயே பயம் விட்டுப் போகிறது. பட்டறையில் தலைக்கு மேல் சாந்து பூசும்போது ஒரு துளி கண்ணில் விழுந்த பெண் மறுநாள் காலையில்தான் வந்தார். "சுண்ணாம்புதானே டாக்டர், தூங்கி எழுந்தா சரியாயிடும்னு நினைச்சேன்" என்றார். வெற்றிலைச் சுண்ணாம்புப் பாக்கெட்டை அழுத்தி விளையாடும்போது அது பீய்ச்சிக் குழந்தையின் கண்ணில் அடிப்பது இந்தியக் கண் மருத்துவர்கள் எல்லாருக்கும் தெரிந்த விபத்து. அந்த வீடுகளிலும் இதே பேச்சுதான். "தாய்ப்பால் விட்டோம் டாக்டரம்மா, விளக்கெண்ணெய் விட்டோம்" என்பார் பாட்டி. தண்ணீர் மட்டும் விட்டிருக்க மாட்டார்கள்.

நீற்றிய சுண்ணாம்பின் காரத்தன்மை பிஎச் என்ற அமில-கார அளவுகோலில் 12க்கு மேல். அமிலம் கண்ணில் பட்டால் மேல் திசுவை உறைய வைக்கும், அந்த உறைவே அதை ஓரளவு தடுத்துவிடும். காரத்துக்கு அந்தத் தடை கிடையாது. அது திசுவிலுள்ள கொழுப்பைக் கரைத்துக்கொண்டு உள்ளே போய்க்கொண்டே இருக்கும். சுண்ணாம்புக்கு இன்னொரு கெட்ட குணமும் உண்டு. அதன் துகள் மேல் இமைக்குள் ஒட்டிக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து மணிக்கணக்கில் சுடும். கருவிழியைச் சுற்றியுள்ள ஓரத்தில்தான் அதைப் புதுப்பிக்கும் மூல உயிரணுக்கள் (ஸ்டெம் செல்கள்) இருக்கின்றன. அவை வெந்துபோனால் கருவிழி வெளுத்துவிடும், பார்வையைத் திரும்பக் கொண்டுவருவது மிகவும் கடினம். காயம் ஆழமாகப் போன கண்ணில் சில சமயம் வலி குறைவாகத் தெரியும், கண் வெளுத்து அமைதியாக இருக்கும். அதைப் பார்த்துத் தேறிவிட்டது என்று ஏமாந்துவிடக் கூடாது.

ஆகவே பட்ட நிமிடத்தில் செய்வதுதான் சிகிச்சையின் பெரும்பகுதி. ஆட்டோ பிடித்து, சில்க் போர்டு நெரிசலில் நின்று, அப்புறம் நாங்கள் கழுவுவதற்குள் காலம் கடந்துவிடும். அந்த இடத்திலேயே, கையில் கிடைக்கும் சுத்தமான தண்ணீரால் கழுவத் தொடங்குங்கள். குழாய்த் தண்ணீர் போதும், கேன் தண்ணீரும் போதும். தலையைச் சாய்த்து, பட்ட கண் கீழ்ப்பக்கம் இருக்க, இமைகளை விரலால் நன்றாகப் பிரித்துப் பிடித்து, மெல்லிய தாரையாக ஊற்றிக்கொண்டே இருங்கள். கண்ணை எல்லாப் பக்கமும் உருட்டச் சொல்லுங்கள். குறைந்தது அரை மணி நேரம். கான்டாக்ட் லென்ஸ் இருந்தால் கழுவும்போதே எடுக்கப் பாருங்கள், அதற்காகக் கழுவுவதை நிறுத்தாதீர்கள். எலுமிச்சைச் சாறோ வினிகரோ விட்டுக் காரத்தை முறிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கண்ணைக் கசக்காதீர்கள். கழுவிய பிறகு, வலி இல்லாவிட்டாலும், அன்றே கண் மருத்துவரிடம் போயாக வேண்டும். கே.ஆர். மார்க்கெட் அருகில் அரசு மின்டோ கண் மருத்துவமனை இருக்கிறது. இமையைத் திருப்பித் துகளை எடுப்பது எங்கள் வேலை.

பட்டறைக்குப் பணம் கட்டும் முன் நடத்துகிறவரிடம் கேளுங்கள்: தண்ணீர்க் குழாய் எவ்வளவு தூரத்தில்? மொட்டை மாடி என்றால் கேன் தண்ணீராவது பக்கத்தில் இருக்குமா? பக்கவாட்டிலும் மூடிய கண்ணாடி கொடுப்பார்களா? சாதாரண மூக்குக்கண்ணாடி ஓரத்தில் வரும் துளியைத் தடுக்காது. சுட்ட சுண்ணாம்பை அங்கேயே நீற்றிக் காட்டுகிறேன் என்றால் தள்ளி நில்லுங்கள், அது கொதித்துத் தெறிக்கும். முன்பே நீற்றிய விழுதுதான் பட்டறைக்கு ஏற்றது. கைக்கு உறை போடுங்கள், மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள்.

வெயில் படத்துக்கு வருவோம். நீல அச்சு முறையை ஜான் ஹெர்ஷல் 1842இல் கண்டுபிடித்தார். மறு வருடமே அன்னா அட்கின்ஸ் கடற்பாசிகளைத் தாளில் வைத்து அச்செடுத்துப் புத்தகமாக்கத் தொடங்கினார். ஃபெரிக் அமோனியம் சிட்ரேட், பொட்டாசியம் ஃபெரிசயனைடு ஆகிய இரண்டு உப்புகளைத் தாளில் பூசி, இலையை வைத்து வெயிலில் காட்டிக் கழுவினால் நீலம் நிற்கும். சயனைடு என்ற பெயர் பலரைக் கலங்க வைக்கிறது. இதில் சயனைடு இரும்போடு இறுகப் பிணைந்திருப்பதால் சாதாரணப் பயன்பாட்டில் ஆபத்து குறைவு. வலுவான அமிலமும் சூடும் சேர்ந்தால்தான் விஷவாயு வரும். அதனால் மிச்சக் கரைசலைக் கழிவறை ஆசிட்டோடு கலக்க விடாதீர்கள், சமையலறைக் கிண்ணத்தில் கரைக்காதீர்கள்.

என் கவலை விளக்கைப் பற்றியது. ஜூலையில் பெங்களூர் வானம் மூடிக்கிடக்கும், அப்போது புற ஊதா விளக்கை வைத்து அச்செடுப்பார்கள். மூடிய பெட்டிக்குள் 365 நானோமீட்டர் அலைநீள விளக்கு என்றால் சரி. கொரோனா சமயத்தில் கிருமி கொல்ல வாங்கிய 254 நானோமீட்டர் குழல்விளக்கை எடுத்து மாட்டினால் கண் வெந்துவிடும். வெல்டிங்கைப் பார்த்தவருக்கு வருவது போலவே, ஆறேழு மணி நேரம் கழித்து, நடுராத்திரியில் கண்ணில் மணல் கொட்டியது போல எரியும். பெரும்பாலும் ஓரிரு நாளில் ஆறிவிடும். அதற்காக மரத்துப்போக வைக்கும் சொட்டு மருந்தை நீங்களாக வாங்கி விட்டால் கருவிழி கெடும். வெள்ளி நைட்ரேட் பயன்படுத்தும் உப்பு அச்சு முறை இன்னும் கடுமையானது, வெள்ளி நைட்ரேட் கண்ணில் பட்டால் நிரந்தரமாகக் கெடுக்கும். பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் அதைத் தொட வேண்டாம்.

சின்னக் குழந்தைகளுக்கு இவை எதுவும் வேண்டாம். மஞ்சள்தூளைச் சாராயத்தில் கரைத்து நீங்கள் தாளில் பூசிக் காயவையுங்கள். குழந்தை மேலே ஒரு வேப்பிலையை வைக்கட்டும். சில மணி நேரம் நல்ல வெயிலில் கிடந்தால் சுற்றிலும் மஞ்சள் வெளிறும், இலை மறைத்த இடம் மட்டும் நிறத்தோடு நிற்கும். பிறகு சமையல் சோடாக் கரைசலை நீங்களே தூரிகையால் லேசாகத் தடவிக்கொடுங்கள், அந்த இடம் பழுப்புச் சிவப்பாக மாறும்.